கல்யாணத்துக்கு எக்ஸ்ட்ரா காசு சேர்க்கணும், தென்னாப்பிரிக்கால ஜோபர்க் டர்பன் ஆளுங்க கொஞ்சம் வழி சொல்லுங்க

லெனேசியா_பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு அடுத்த வருஷம் வைகாசில கல்யாணம்னு பேசி முடிச்சிருக்காங்க. மாப்பிள்ளை வீடு டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த், தலைமுறை தலைமுறையா அங்கேயே இருக்கிறவங்க, நாங்க அப்பா வேலைக்காக திருநெல்வேலி பக்கம் இருந்து வந்து ஜோபர்க் பக்கம் லெனேசியால செட்டில் ஆனவங்க, எல்லாருக்கும் சிட்டிசன்ஷிப் இருக்கு. செலவு ரெண்டு வீட்டுக்கும் பாதி பாதி. எங்க பங்கு எவ்ளோ குறைச்சு போட்டாலும் 1,65,000 ரேண்டுக்கு கீழ வரல. கையில 40,000 இருக்கு, மாசம் 6,000 எடுத்து வைக்க முடியும், இன்னும் 14 மாசம் இருக்கு, கணக்கு போட்டா 41,000 இடிக்குது.

அப்பா பென்ஷன் ஃபண்டுல சேவிங்ஸ் பாட்ல இருந்து (ரிட்டயர் ஆகுறதுக்கு முன்னாடியே எடுக்க விடுற பங்கு) எடுத்து தரேன், மிச்சத்துக்கு லோன் போடுறேன்னு நிக்கிறார். எனக்கு அதுல துளியும் இஷ்டம் இல்ல, அவர் ரிட்டயர் ஆக இன்னும் கொஞ்ச வருஷம்தான் இருக்கு. நான் ஒரு கம்பெனில அக்கவுண்ட்ஸ்ல இருக்கேன், சனி ஞாயிறு ஃப்ரீ. முறுக்கு, மைசூர்பாக்கு நல்லா செய்வேன், மேத்ஸ் சொல்லி குடுப்பேன், மருதாணியும் சுமாரா போடுவேன். இதுல எது உருப்படியா காசு தரும்? சேர்க்கிற காசை எங்க போட்டு வைக்கலாம்? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

சாட்ஸ்வொர்த்_மருமக:

முதல்ல வாழ்த்துக்கள் தங்கச்சி, எங்க ஊருக்கு வரப்போற. நானும் மதுரைல இருந்து இங்க வாக்கப்பட்டு வந்தவதான், பலகாரம் செஞ்சு வித்துதான் என் நாத்தனார் கல்யாணத்துக்கு எங்க வீட்டு பங்கை குடுத்தோம், அதனால இதை தைரியமா சொல்லுவேன். இங்க தீபாவளிக்கு ஒவ்வொரு வீடும் பலகார பாக்ஸ் அக்கம்பக்கத்துக்கு, ஆபீஸுக்கு, புள்ளைங்க ஸ்கூல் டீச்சருக்குன்னு குடுக்கிற பழக்கம் இருக்கு இல்லையா, முன்ன எல்லாரும் வீட்டுலயே செஞ்சாங்க இப்ப பாதி பேர் வேலைக்கு போறாங்க, அதனால நல்ல கைப்பக்குவம் இருக்கிற ஆள் கிடைச்சா விடமாட்டாங்க. லெனேசியாலயும் அதே கதைதான். புரட்டாசில இங்க தமிழாளுங்க வீட்டுல மாமிசம் கிட்டயே போகமாட்டாங்க, ஆபீஸுக்கு சாப்பாடு கட்ட சைவமா என்ன பண்றதுன்னு திணறுவாங்க, அந்த மாசம் வெஜ் பிரியாணி, வடை, சுண்டல்னு வாரத்துக்கு ஒரு நாள் ஆர்டர் எடுத்தாலே ஆள் பழகிடும், அவங்களே அடுத்து தீபாவளிக்கும் உன்கிட்ட வருவாங்க.

ஆனா கணக்கு முக்கியம்மா. மாவு வெண்ணெய் விலை மட்டும் போட்டு விலை வெச்சுட கூடாது, எண்ணெய் எத்தனை தடவை மாத்துவ, காஸ், டப்பா, ஸ்டிக்கர், கொண்டு போய் குடுக்கிற பெட்ரோல் எல்லாம் உள்ள வரணும். உடையுற முறுக்கையும் சேர்த்து பாரு. வெண்ணெய் கொஞ்சம் கூடிட்டா எண்ணெய்ல விட்டதும் நூல் நூலா பிரிஞ்சு போயிடும், கம்மியா போட்டா பல்லு உடையும், உன் கைக்கு சரியா வர்ற அளவை தராசுல எடை போட்டு எழுதி வெச்சுக்கோ, கண்ணளவு வீட்டுக்கு சரி விக்கிறதுக்கு சரிப்படாது. பாதி காசு அட்வான்ஸ் வாங்காம ஒரு டப்பா கூட சுத்தாத, சொந்தக்காரங்களா இருந்தாலும்தான்.

இன்னொண்ணு, சாப்பாட்டு ஐட்டம் வித்தா முனிசிபாலிட்டில தகுதி சர்டிபிகேட் வாங்கணும், 2018ல வந்த ஆர் 638 சட்டம். ஹெல்த் இன்ஸ்பெக்டர் வந்து கிச்சனை பாப்பாங்க. சின்னதா பண்றோம் யாரு கேப்பாங்கன்னு நினைக்காதே, ஒருத்தருக்கு வயித்துவலின்னா கேள்வி உன்கிட்டதான் வரும், அதுவும் கல்யாண நேரத்துல.

பிரிட்டோரியா_கணக்குபுள்ள:

பலகாரம் நல்லதுதான் ஆனா நீங்க அக்கவுண்ட்ஸ்ல இருக்கீங்க, மேத்ஸ் வரும்னு சொல்றீங்க, என் ஓட்டு டியூஷனுக்குத்தான். முதல் போட வேண்டாம், மீந்து போற பொருள் இல்ல. ஜூன்ல ஹாஃப் இயர்லி, அப்புறம் செப்டம்பர்ல பிரிலிம், அக்டோபர் கடைசில இருந்து மெட்ரிக் (இங்க பன்னெண்டாம் கிளாஸ்) ஃபைனல், இந்த சீசன்ல மேத்ஸ் பேப்பர் 1, பேப்பர் 2 சொல்லிக்குடுக்க நல்ல ஆள் கிடைக்காம பெத்தவங்க அலையுறாங்க. அக்கவுண்டிங் பாடமும் உங்களுக்கு தண்ணி பட்ட பாடு. சனிக்கிழமை காலைல நாலஞ்சு புள்ளைங்களை சேர்த்து ஒரே பேட்ச்சா எடுங்க, ஒத்தை ஒத்தையா எடுத்தா தொண்டைதான் போகும். தீபாவளியும் மெட்ரிக்கும் ஒரே நேரத்துல வந்து முட்டும், அதனால ரெண்டையும் முழுசா இழுத்துப் போட்டுக்காதீங்க.

அதுக்கு முன்னாடி ஆபீஸ்ல ஓவர்டைம் இருக்கான்னு கேளுங்க. லேபர் சட்டப்படி ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு, வழக்கமா ஞாயித்துக்கிழமை வேலை இல்லாதவங்க அன்னைக்கு வந்தா ரெண்டு மடங்கு, வாரத்துக்கு 10 மணி நேரத்துக்கு மேல வாங்கக்கூடாது. சம்பளம் அரசாங்கம் வெச்சிருக்கிற வரம்புக்கு மேல இருந்தா இது கட்டாயம் இல்ல, அதை பாத்துக்கோங்க. வெளி வேலை செய்ய கம்பெனி சம்மதம் வேணும்னு உங்க காண்ட்ராக்ட்ல இருக்கான்னும் படிங்க, இருந்தா ஒரு ஈமெயில் போட்டு எழுத்துல வாங்கிடுங்க. படிக்கிற மத்தவங்களுக்கும் சொல்றேன், வொர்க் விசால இருக்கிறவங்க இந்த சைடு வேலை பக்கம் போகாதீங்க, விசா எந்த கம்பெனிக்கோ அங்க மட்டும்தான்.

டாக்ஸ் விஷயம்: டியூஷன், பலகாரம் எதுல வந்தாலும் அது சம்பளத்தோட சேர்ந்துடும், உங்க மேல் ஸ்லாப் ரேட்லதான் டாக்ஸ். பிசினஸ் வருமானம் வந்தா புரவிஷனல் டாக்ஸ் ரிஜிஸ்டர் பண்ணி ஆகஸ்ட் கடைசிலயும் பிப்ரவரி கடைசிலயும் கட்டணும். செலவை கழிச்சுக்கலாம், அதுக்கு பில்லு வேணும், எண்ணெய் டின் பில்லு உட்பட.

காசை எங்க போடுறதுன்னு கேட்டீங்க. 32 நாள் நோட்டீஸ் அக்கவுண்ட் போதும். 32 நாள் முன்னாடியே சொல்லணும், நினைச்சதும் எடுக்க முடியாது, அதுதான் வேணும், சேல் பாத்ததும் கை போகாது. பலபேர் டாக்ஸ் ஃப்ரீ சேவிங்ஸ் அக்கவுண்ட்ல போட சொல்லுவாங்க, கல்யாண காசுக்கு அது வேண்டாம்ங்க. அதுல வாழ்நாளுக்கு 5 லட்சம் ரேண்டுன்னு ஒரு லிமிட் இருக்கு, போட்டு எடுத்துட்டா அந்த இடம் திரும்ப வராது, வருஷ லிமிட்டை தாண்டி போட்டா தாண்டினதுக்கு 40% அபராதம். இந்த ஊர்ல 65 வயசுக்கு கீழ இருக்கிறவங்களுக்கு வட்டி வருமானத்துல 23,800 ரேண்டு வரைக்கும் எப்படியும் டாக்ஸ் கிடையாது, உங்க தொகைக்கு வட்டி அதுல பாதி கூட வராது. அந்த லிமிட்டை கல்யாணத்துக்கு அப்புறம் நீண்டகால சேமிப்புக்கு வெச்சுக்கோங்க. அரசாங்க ரீட்டெயில் பாண்டும் உங்களுக்கு ஒத்து வராது, குறைஞ்சதே 2 வருஷம்.

அப்பாவை தயவு செஞ்சு தடுங்க. 2024 செப்டம்பர்ல வந்த டூ பாட் சிஸ்டத்துல சேவிங்ஸ் பாட்ல இருந்து டாக்ஸ் வருஷத்துக்கு ஒரு தடவை எடுக்கலாம், குறைஞ்சது 2,000 ரேண்டு, அது சரி. ஆனா எடுக்கிறது அந்த வருஷ வருமானத்தோட சேர்ந்து அவர் ஸ்லாப் ரேட்ல டாக்ஸ் போயிடும், பழைய டாக்ஸ் பாக்கி இருந்தா அதையும் பிடிச்சுக்குவாங்க. அவர் கண்ணுல தெரியுற நம்பர் வேற, கைக்கு வர்றது வேற. ரிட்டயர்மெண்ட் பக்கத்துல இருக்கிறவருக்கு அது பெரிய நஷ்டம்.

கேப்டவுன்_கார்த்தி:

எல்லாரும் சம்பாதிக்கிறதை பத்தியே பேசுறீங்க. எத்தனை பேரை கூப்பிடுறீங்க? 500 பேரை 200 ஆக்குங்க, 41,000 அங்கேயே வந்துரும், ஒரு முறுக்கு சுட வேண்டாம்.

சாட்ஸ்வொர்த்_மருமக:

தம்பி, அது இங்க நடக்காது. சாட்ஸ்வொர்த்ல கல்யாணம்னா அந்த ரோடே வரும், கோயில்காரங்க, மாப்பிள்ளையோட தாத்தா கூட கரும்புத் தோட்டத்துல இருந்தவங்க குடும்பம், எல்லாரும். அவங்கள்ல பாதி பேர் சொல்லாமலே வந்து காய் நறுக்கி குடுத்துட்டு போவாங்க, அவங்க பேரை எப்படி அடிப்ப. ஆளை குறைக்காம செலவை குறைக்கலாம். நலங்கை ஹாலுக்கு கொண்டு போகாம வீட்டு முத்தத்துல டென்ட் போட்டு வைங்க. பிரியாணி பாட் வாடகைக்கு எடுத்து விறகடுப்புல சமைக்கிற மாமாங்க ஒவ்வொரு ஏரியாலயும் இருக்காங்க, பிரியாணி, பருப்பு, கேரட் சாலட், மோர், அவ்ளோதான் சாப்பாடு, யாரும் குறை சொல்ல மாட்டாங்க, கேட்டரிங் விலைல பாதி கூட ஆகாது. டிசம்பர் ஸ்கூல் லீவுல ஹால் எல்லாம் விலை ஏறும், நீங்க வைகாசி வெச்சது நல்ல முடிவு.

லெனேசியா_பொண்ணு:

அக்கா, அண்ணா, ரொம்ப ரொம்ப நன்றி. கார்த்தி, நீங்க சொல்றது புரியுது ஆனா மாப்பிள்ளை வீட்டு லிஸ்ட்ல நான் கை வைக்க மாட்டேன், அக்கா சொன்ன காரணம்தான். எங்க பக்கம் வேணா 40 பேரை குறைக்கலாம். டியூஷனும் தீபாவளி பலகாரமும் பாக்கிறேன், மருதாணியை விட்டுடுறேன். இன்னும் மூணு கேள்வி இருக்கு. ஆபீஸ்ல ஒரு ஸ்டாக்வெல்ல சேர கூப்பிடுறாங்க, சேரலாமா? தாலி, நகையை இந்தியால போய் வாங்குறது லாபமா? அப்புறம் அப்பா இன்னும் லோனை விடல, அவருக்கு என்ன சொல்லி புரிய வைக்கிறது?

வெருளம்_அண்ணாச்சி:

நான் சொல்றேன்மா. ஸ்டாக்வெல் நம்ம ஊரு சீட்டுதான், ஏலம் மட்டும் இல்ல, முறை வெச்சு மொத்த தொகை வரும். தெரிஞ்ச ஆளுங்க பத்து பன்னெண்டு பேர்னா சேரலாம், ஆனா உன் முறை அடுத்த வருஷம் மாசி பங்குனிக்குள்ள வரணும், ஹாலுக்கும் சாப்பாட்டுக்கும் அப்பதான் மிச்ச காசு கேப்பாங்க. வருஷக் கடைசில பங்கு பிரிக்கிற சீட்டுன்னா அதுவும் உனக்கு ஓகே. விதி எழுத்துல இருக்கா, பணம் ஒருத்தர் சொந்த அக்கவுண்ட்ல போகுதா இல்ல ரெண்டு மூணு பேர் கையெழுத்து வேணும்னு பேங்க்ல குரூப் அக்கவுண்ட் இருக்கா, இதை கேளு. வாட்ஸ்அப்ல 200 போட்டா 1,200 வரும்னு ஸ்டாக்வெல் பேரை சொல்லி வருமே அது சீட்டே கிடையாது, அடுத்து சேருறவன் காசைத்தான் முன்னாடி சேந்தவனுக்கு குடுக்கிறாங்க, கிட்டவே போகாத.

தங்கம். இந்தியால வாங்கிட்டு வந்தா திரும்பி வர்ற ஒரு ஆளுக்கு 5,000 ரேண்டு வரைக்கும்தான் கஸ்டம்ஸ் வரி இல்ல, அதுக்கு மேல 20,000 வரைக்கும் 20% கேப்பாங்க, அதையும் தாண்டினா முழு டியூட்டி, வாட் எல்லாம் வரும். டிக்கெட் காசும் சேர்த்து பாரு. சேலைக்கு போறேன்னா சரி, நகைக்குன்னு மட்டும் போகாத. இங்க நகைக்கடைல வாங்கினா 15% வாட், செய்கூலி தனி. க்ரூகர்ரேண்ட்னு இந்த நாட்டு தங்கக் காசு இருக்கே, அதுக்கு வாட் கிடையாது, பலபேருக்கு இது தெரியாது. 1967ல இருந்து அடிக்கிறாங்க, 22 கேரட், முழு காசு 33.93 கிராம், நம்ம கணக்குல நாலு பவுனுக்கு கொஞ்சம் மேல. அரை, கால், பத்துல ஒண்ணுன்னு சின்னதும் வருது. தங்கம் விலை ஏறிடுமோன்னு பயம் இருந்தா, தாலிக்குன்னு வெச்ச காசுல மட்டும் சின்ன காசு ஒண்ணு ரெண்டு வாங்கி வெச்சு நகை வாங்குற நேரத்துல வித்துக்கலாம். ஆனா சின்ன காசுக்கு கிராமுக்கு விலை கூட, விக்கும்போது வாங்கின விலைக்கு கீழதான் எடுப்பாங்க, விலை இறங்கவும் செய்யும். அதனால கல்யாண காசு முழுசையும் அதுல முடக்காத.

இப்ப லோன். அப்பாவை உக்கார வெச்சு இதை படிச்சு காட்டு. அடமானம் இல்லாத பர்சனல் லோனுக்கு ரெப்போ ரேட்டுக்கு (ரிசர்வ் பேங்க் மத்த பேங்குகளுக்கு போடுற வட்டி) மேல 21% வரைக்கும் வட்டி போட சட்டமே இடம் குடுக்குது, அது போக ஆரம்ப ஃபீஸ், மாச ஃபீஸ், இன்ஷூரன்ஸ். சின்ன கைமாத்து லோன் குடுக்கிற கடைங்க மாசத்துக்கே 5% வாங்கலாம். ஐடி புக்கையோ பேங்க் கார்டையோ குடுத்துட்டு போன்னு எவனாவது சொன்னா அது சட்டத்துக்கு விரோதம், அந்த வாசப்படி ஏறாதீங்க.

அப்பா விடாம போயி உன் பேர்ல போடலாம்னு சொன்னாலும் ஒத்துக்காத. இந்த நாட்டுல தனியா ஒப்பந்தம் எழுதாம கல்யாணத்தை பதிஞ்சா சொத்தும் பொது, கடனும் பொது. நீ கல்யாணத்துக்கு முன்னாடி வாங்கின கடன் உன் புருஷன் தலைலயும் விழும், அவர் கடன் உன் தலைல. அது வேண்டாம்னா கல்யாணத்துக்கு முன்னாடியே நோட்டரிகிட்ட கையெழுத்து போட்டு, 3 மாசத்துக்குள்ள டீட்ஸ் ஆபீஸ்ல பதியணும். கல்யாணம் முடிஞ்சப்புறம் மாத்தணும்னா கோர்ட்டுக்கு போகணும், பெரிய செலவு. அந்த வக்கீல் ஃபீஸை இப்பவே உன் பட்ஜெட்ல எழுதிக்கோ. அப்படியே ஐயர் மேரேஜ் ஆபீசரா பதிஞ்சவரான்னு கேட்டுக்கோ. இல்லன்னா கோயில்ல தாலி கட்டினது மட்டும் சட்டத்துக்கு போதாது, ஹோம் அஃபயர்ஸ்ல போய் தனியா கையெழுத்து போடணும்.

ஹால் அட்வான்ஸ் குடுக்கிறதுக்கு முன்னாடி கேன்சல் பண்ணா எவ்ளோ பிடிப்பாங்கன்னு எழுத்துல வாங்கு. நுகர்வோர் சட்டப்படி நியாயமான அளவுதான் பிடிக்கலாம், புக் பண்ண ஆள் இறந்துட்டாலோ ஆஸ்பத்திரில சேர்ந்துட்டாலோ அதுவும் பிடிக்க முடியாது. எங்க வீட்டு விசேஷத்துக்கு ஒரு ஹால்காரர் ‘திருப்பி தர மாட்டோம்’னு ரசீதுல அச்சடிச்சு வெச்சிருக்கோமேன்னு சாதிச்சார், சட்டத்தை எடுத்து காட்டினதும் பெரும்பகுதி திரும்பி வந்துச்சு.

லெனேசியா_பொண்ணு:

அண்ணாச்சி, அப்பாகிட்ட படிச்சு காட்டிட்டேன். கடன் மாப்பிள்ளை தலைலயும் விழும்ங்கிற இடத்துல அமைதியாயிட்டார், சரி லோன் வேண்டாம்னு சொல்லிட்டார். பென்ஷன் பத்தி நாளைக்கு அம்மாவை வெச்சு பேசுறேன். ஸ்டாக்வெல் அக்கவுண்ட் ஒருத்தர் பேர்லதான் இருக்குன்னு விசாரிச்சதுல தெரிஞ்சுது, அதனால சேரல. நோட்டீஸ் அக்கவுண்ட் இந்த வாரம் திறக்கிறேன், சனிக்கிழமை பேட்ச்சுக்கு எங்க ரோட்டுலயே மூணு புள்ளைங்க ரெடி. அக்கா, தீபாவளி ஆர்டர் எப்ப எடுக்க ஆரம்பிக்கலாம்?

சாட்ஸ்வொர்த்_மருமக:

ஆவணி கடைசில சாம்பிள் டப்பா குடு, புரட்டாசி மூணாவது வாரத்தோட ஆர்டரை மூடிடு. சர்டிபிகேட்டுக்கு இப்பவே போய் ஃபார்ம் வாங்கிடு, அதுக்குத்தான் நாள் பிடிக்கும். இன்பாக்ஸ்ல வா, என் முறுக்கு அளவு தரேன்.