மேசாவின் ரேட்வி டிரைவரில் வேலிகள் மினுங்குவதும் புதிய காட்சிகளில் படம் தடைபடுவதும்: திருத்த எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: வரைபொறி

அனைவருக்கும் வணக்கம். ஏஎம்டி ரேடியான் ஆர்எக்ஸ் 6600 அட்டையில் லினக்ஸ் இயக்கி வருகிறேன். விளையாட்டுகள் வரைகலை அட்டைக்கு வேலை சொல்லும் இடைமுகமான வல்கனுக்கு, மேசா 22.2 என்ற கட்டற்ற டிரைவர் தொகுப்பில் உள்ள ரேட்வி டிரைவரைப் பயன்படுத்துகிறேன். நெடுநாளாக இரண்டு குறைகள் இருக்கின்றன. இரண்டுக்கும் வேர் ஷேடர்களை, அதாவது அட்டையில் ஓடும் சிறு வரைகலை நிரல்களை, அட்டையின் கட்டளைகளாக மாற்றும் கம்பைலரில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

முதலாவது, வல்கனிலேயே எழுதப்பட்ட ஒரு விளையாட்டில் தொலைவிலுள்ள கம்பி வேலிகளும் சுவர்களும் கேமரா நகரும்போது புள்ளி புள்ளியாக மினுங்குகின்றன. கேமராவை அசையாமல் நிறுத்தினால் அந்தப் புள்ளிகளும் அதே இடத்தில் அப்படியே நிற்கின்றன. சற்று நகர்த்தினால் வேறு இடங்களில் தோன்றுகின்றன. நண்பர் ஒருவரின் பழைய ஆர்எக்ஸ் 580 அட்டையில், அதே மேசா பதிப்பில், இந்தக் குறை அறவே இல்லை. ஆகவே என் அட்டையே பழுதாகிவிட்டதோ என்ற ஐயமும் இருக்கிறது.

இரண்டாவது, விண்டோஸின் டைரக்ட்3டி 11 இடைமுகத்துக்கு எழுதிய விளையாட்டுகளை, அதை வல்கனாக மாற்றும் டிஎக்ஸ்விகே வழியாக ஓட்டும்போது, புதிய இடத்துக்குள் நுழையும் கணத்தில் படம் உறைந்து பின் தொடர்கிறது. அதே இடத்துக்கு மறுமுறை வந்தால் சீராக ஓடுகிறது. மேசாவைப் புதுப்பித்தால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறது.

எனக்கு சி மொழி நன்றாகத் தெரியும், கல்லூரியில் கம்பைலர் பாடமும் படித்திருக்கிறேன். தற்காலிகத் தீர்வோடு நின்றுவிடாமல், டிரைவரிலேயே இவற்றைத் திருத்தப் பங்களிக்க வேண்டும் என்பது என் விருப்பம். எங்கிருந்து தொடங்குவது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: ரெஜிஸ்டர்

வணக்கம் நண்பரே. முதல் குறையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மற்றதை வேறு எவராவது என்னைவிட நன்றாக விளக்குவார்கள்.

அட்டை பழுது என்ற ஐயத்தை விட்டுவிடலாம். பழுதான நினைவகமோ மிகையான வெப்பமோ காரணமாக இருந்தால், கேமரா நிற்கும்போதும் புள்ளிகள் பெரும்பாலும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஒரே காட்சிக்கு ஒரே தவறு மாறாமல் வருகிறது என்றால் அது கணக்கீட்டில் உள்ள வேறுபாடு.

விளையாட்டு ஸ்பிர்-வி என்ற வல்கன் வடிவத்தில் தரும் ஷேடரை மேசா முதலில் நிர் என்ற தன் இடைநிலை வடிவத்துக்கு மாற்றுகிறது. 2015இல் மேசாவுக்குள் வந்த நிர், பல டிரைவர்களுக்கும் பொதுவானது. பெரும்பாலான மேம்படுத்தல் பாஸ்கள் (நிரலை முழுதாகப் பார்த்துத் திருத்தும் படிகள்) இங்கேதான் நடக்கின்றன. அதன்பின் ரேட்வியில் ஏசிஓ என்ற பின்முனை அதை அட்டையின் கட்டளைகளாக்குகிறது. முன்பு எல்எல்விஎம் என்ற பொதுக் கம்பைலர் தொகுப்பு செய்துவந்த இந்த வேலைக்கு, வால்வ் நிறுவனத்தின் ஆதரவோடு 2019இல் ஏசிஓ எழுதப்பட்டு, மேசா 19.3இல் சேர்ந்து, 2020இல் வெளியான 20.2 முதல் இயல்பிருப்பானது. எல்எல்விஎம் பாதை இன்னும் உயிரோடு இருப்பதுதான் வழு தேடுபவருக்குப் பெரிய வசதி.

எனவே ஒவ்வோர் அடுக்காக அணைத்துப் பாருங்கள். முதலில் ரேட்வியின் டீபக் சூழல் மாறியில் 'நோகேஷ்' என்று கொடுத்து ஷேடர் கேஷை (முன்பே கம்பைல் செய்த ஷேடர்களின் சேமிப்பை) நிறுத்துங்கள். இல்லையென்றால் கம்பைல் செய்த பழைய நிரலையே மறுபடி ஓட்டிவிட்டுத் தவறான முடிவுக்கு வந்துவிடுவீர்கள். பிறகு அதே மாறியில் 'எல்எல்விஎம்' என்று சேர்த்து ஒரு முறையும், அதை எடுத்துவிட்டு ஏசிஓவின் டீபக் மாறியில் 'நோஆப்ட்' என்று கொடுத்து ஒரு முறையும் ஓட்டுங்கள். கடைசியாக ரேட்வி மாறியில் 'இன்வேரியன்ட்ஜியோம்' என்ற தேர்வை மட்டும் இயக்கிப் பாருங்கள். இதை ஏன் கேட்கிறேன் என்பதை முடிவு வந்த பிறகு சொல்கிறேன்.

ஒரே ஓர் எச்சரிக்கை. எல்எல்விஎம்மில் படம் சரியாக வந்து ஏசிஓவில் தவறாக வந்தால், உடனே "ஏசிஓவில் வழு" என்று எழுதிவிட வேண்டாம். இரண்டு கம்பைலர்கள் வேறுபட்ட விடை தந்தாலும் இரண்டுமே விதிக்கு உட்பட்டு நடந்திருக்கக்கூடும். ஸ்பிர்-வியும் வல்கனும் அந்த இடத்தில் எதற்கு உறுதி தருகின்றன என்று பார்த்த பிறகுதான் எது தவறு என்று சொல்ல முடியும்.

பதில்: வரைபொறி

மிக்க நன்றி ஐயா. சொன்னபடியே செய்து பார்த்தேன். கேஷை மட்டும் நிறுத்தியபோது மாற்றமில்லை. எல்எல்விஎம் பாதையில் மினுக்கம் இல்லை. ஏசிஓவில் 'நோஆப்ட்' கொடுத்தபோதும் இல்லை. 'இன்வேரியன்ட்ஜியோம்' கொடுத்தபோதும் முற்றிலும் மறைந்துவிட்டது. ஆனால் பழைய அட்டையில் மட்டும் ஏன் வரவில்லை என்பது இன்னும் புரியவில்லை.

பதில்: ரெஜிஸ்டர்

எதிர்பார்த்ததுதான். இது எஃப்எம்ஏ, அதாவது பெருக்கலையும் கூட்டலையும் ஒன்றாகச் செய்யும் கட்டளை, தொடர்பான சிக்கல்.

இத்தகைய விளையாட்டுகள் பெரும்பாலும் ஒரே பொருளை இரண்டு முறை வரைகின்றன. முதல் முறை ஒவ்வொரு பிக்சலின் ஆழத்தை, அதாவது கேமராவிலிருந்து அதன் தொலைவை, மட்டும் எழுதுகின்றன. இரண்டாம் முறை வண்ணம் தீட்டும்போது, ஏற்கெனவே எழுதிய ஆழத்துக்கு துல்லியமாகச் சமமாக உள்ள பிக்சல்களை மட்டும் ஏற்றுக்கொள்கின்றன. இதற்காக இரண்டு வெர்டெக்ஸ் ஷேடர்களும் (பொருளின் முனைப்புள்ளிகளைக் கையாளும் ஷேடர்கள்) ஒரே சூத்திரத்தால் அந்தப் புள்ளிகளின் இடத்தைக் கணக்கிடுகின்றன. ஆனால் ஷேடர்கள் இரண்டும் வேறு வேறு. முதலாவது இடத்தைக் கணக்கிட்டு நின்றுவிடும், இரண்டாவது ஒளியமைப்புக்காக அதே இடைநிலை மதிப்புகளை வேறு இடங்களிலும் பயன்படுத்தும்.

கம்பைலர் ஒரு பெருக்கலையும் அதைத் தொடரும் கூட்டலையும் கண்டால், இரண்டையும் ஒரே எஃப்எம்ஏ கட்டளையாக இணைக்கப் பார்க்கும். பெருக்கலின் விடை வேறு எங்கும் தேவைப்படாதபோதுதான் பொதுவாக இந்த இணைப்பு லாபம் தரும். எனவே முதல் ஷேடரில் இணைப்பு நடக்கிறது. இரண்டாவதில், விடை வேறிடத்திலும் தேவைப்படுவதால், நடக்காமல் போகிறது.

இதனால் விடை எப்படி மாறும் என்பதைக் கையாலேயே கணக்கிட்டுப் பார்க்கலாம். 1 + 1/4096 என்ற எண்ணை அதே எண்ணால் பெருக்குங்கள். துல்லியமான விடை 1 + 1/2048 + 1/16777216. 32 பிட் மிதவைப் புள்ளி எண்ணில் அந்தக் கடைசித் துணுக்கு, 1க்கு அருகில் உள்ள மிகச் சிறிய படியில் சரிபாதி. ஆகவே முழுமையாக்கும்போது அது உதிர்ந்துவிடும். இப்போது 1 + 1/2048ஐக் கழித்தால் விடை சுழி. ஆனால் எஃப்எம்ஏ பெருக்கலுக்கும் கழித்தலுக்கும் இடையே முழுமையாக்குவதில்லை. அது 1/16777216 என்றே விடை தரும். "சமமா" என்று கேட்கும் ஆழச் சோதனைக்கு இந்த வேறுபாடே போதும். அந்தப் பிக்சல் நிராகரிக்கப்பட்டு, நீங்கள் பார்த்த புள்ளியாகிறது.

பழைய அட்டையில் வராததற்கும் இதுவே காரணம். ஆர்எக்ஸ் 580இல் கம்பைலர் பயன்படுத்தும் மேட் கட்டளை, பெருக்கிய பின் ஒரு முறை முழுமையாக்கிவிட்டுத்தான் கூட்டும். இணைத்தாலும் இணைக்காவிட்டாலும், டீநார்மல் எனப்படும், சுழிக்கு மிக அருகிலுள்ள எண்களைத் தவிர, விடை ஒன்றே. உங்கள் அட்டையின் ஆர்டிஎன்ஏ 2 தலைமுறையில் அந்தக் கட்டளையை நீக்கிவிட்டார்கள், எஃப்எம்ஏதான் எஞ்சியது.

யார் பக்கம் தவறு? ஷேடரில் இடத்தை மாறாதது என்று, அதாவது இன்வேரியன்ட் என்று, அறிவித்திருந்தால் இரண்டு ஷேடர்களிலும் ஒரே விடை வரக் கம்பைலர் கட்டுப்பட்டிருக்கும். 'இன்வேரியன்ட்ஜியோம்' தேர்வு அந்த அறிவிப்பை டிரைவரே சேர்க்கும்படி செய்கிறது. அறிவிக்காதபோது இணைக்கும் உரிமை கம்பைலருக்கு உண்டு. ஆக ஏசிஓ செய்தது விதிப்படி சரி; விளையாட்டில்தான் ஒரு சொல் விடுபட்டிருக்கிறது. டிஎக்ஸ்விகே வழியாக ஓடும் விளையாட்டுகளில் இந்த மினுக்கத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அது தானாகவே இடத்தை இன்வேரியன்ட் என்று அறிவித்துவிடுகிறது.

பதில்: கட்டற்றவன்

ரெஜிஸ்டர் சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன். ஆனால் பயனருக்கு "விளையாட்டில் தவறு" என்ற விடை எந்த உதவியும் செய்யாது. விற்று முடிந்த விளையாட்டை எவரும் திருத்தித் தரப் போவதில்லை. அப்படியானால் எல்லா விளையாட்டுகளுக்கும் ரேட்வி 'இன்வேரியன்ட்ஜியோம்' தேர்வைத் தானாகவே இயக்கிவிடக் கூடாதா?

பதில்: ரெஜிஸ்டர்

கூடாது என்பதே என் கருத்து. இன்வேரியன்ட் என்று குறித்தால், இடத்தைக் கணக்கிடும் சங்கிலியில் உள்ள ஒவ்வொரு செயலும் நிர் வடிவத்தில் "அப்படியே இருக்க வேண்டும்" என்ற குறியைப் பெறுகிறது. எஃப்எம்ஏ இணைப்பு மட்டுமல்லாமல், மிதவைப் புள்ளி எண்களை மாற்றி எழுதும் இயற்கணித மேம்படுத்தல்கள் பலவும் அங்கே நின்றுவிடும். சரியாக எழுதப்பட்ட விளையாட்டுகளும் அந்த விலையைக் கொடுக்க நேரும். விளையாட்டின் பெயரைக் கண்டறிந்து அதற்கு மட்டும் இந்தத் தேர்வை இயக்கும் அமைப்புக் கோப்பு மேசாவிலேயே இருக்கிறது. அதில் ஒரு பதிவைச் சேர்ப்பதுதான் உரிய திருத்தம், வரைபொறி அவர்களின் முதல் பங்களிப்பாகவும் அது அமையும்.

பதில்: பைப்லைன்

இரண்டாவது குறைக்கு வருகிறேன். டைரக்ட்3டி 11இல் விளையாட்டு வெர்டெக்ஸ் ஷேடரையும் பிக்சல் ஷேடரையும் தனித்தனியாக, பெரும்பாலும் காட்சி ஏற்றப்படும்போதே, கொடுத்துவிடும். ஆனால் எந்த இரண்டு ஷேடர்கள் சேரும், வண்ணங்கள் எப்படிக் கலக்கும், எந்த வடிவத்தில் எழுதப்படும் என்பதெல்லாம் வரையும் கணத்தில்தான் தெரியும். வல்கனின் தொடக்ககால வடிவமோ இவை அனைத்தையும் முன்கூட்டியே ஒரே பைப்லைனாக, அதாவது ஒரே முழுத் தொகுப்பாக, கேட்டது. இடையில் நிற்கும் டிஎக்ஸ்விகேவுக்கு, வரையும் கணத்தில் முழுக் கம்பைலையும் தொடங்குவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. நீங்கள் காணும் உறைவு அதுதான். டிரைவரின் பதிப்பும் கேஷ் சாவியில் ஓர் அங்கம் என்பதால், மேசாவைப் புதுப்பித்தவுடன் பழைய கேஷ் செல்லாததாகிவிடுகிறது. புதிய கம்பைலர் வேறு கட்டளைகளை உருவாக்கக்கூடும் என்பதால், அப்படித்தான் இருக்கவும் வேண்டும்.

2022 மார்ச்சில் வெளியான கிராஃபிக்ஸ் பைப்லைன் லைப்ரரி என்ற வல்கன் நீட்டிப்பு இதற்காகவே வந்தது. பைப்லைனை வெர்டெக்ஸ் உள்ளீடு, ராஸ்டராக்கத்துக்கு (வடிவங்களைப் பிக்சல்களாக்குவதற்கு) முந்தைய ஷேடர்கள், ஃபிராக்மென்ட் ஷேடர் (பிக்சல் ஷேடருக்கு வல்கனில் உள்ள பெயர்), ஃபிராக்மென்ட் வெளியீடு என நான்கு பகுதிகளாகப் பிரித்துத் தனித்தனியே கம்பைல் செய்து, வரையும்போது விரைவாக இணைக்க முடிகிறது. அதே ஆண்டு நவம்பரில் வந்த டிஎக்ஸ்விகே 2.0 இதைப் பயன்படுத்தத் தொடங்கியது; ரேட்வியில் மேசா 23.1 முதல் இயல்பாகவே இயங்குகிறது. நீங்கள் 22.2இல் இருக்கிறீர்கள், பதிப்பை உயர்த்தினாலே பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

டிரைவரில் இதைச் செய்தது எளிய வேலையன்று என்பதைப் பங்களிக்க வருபவர் அறிந்திருக்க வேண்டும். ஃபிராக்மென்ட் ஷேடரைக் கம்பைல் செய்யும்போது, வண்ணம் 8 பிட்டாகப் போகுமா 16 பிட் மிதவை எண்ணாகப் போகுமா என்று தெரியாது. ஆனால் ஏஎம்டி அட்டையில் அந்த மாற்றத்தை ஷேடரின் கடைசிக் கட்டளைகளே செய்ய வேண்டும். ஆகவே ரேட்வி அந்தக் கடைசிப் பகுதியை எபிலாக் என்ற சிறு நிரல் துண்டாகப் பிரித்துவிடுகிறது. வெர்டெக்ஸ் தரவைப் படித்துத் தருவதற்கும் அதேபோல் புரோலாக் என்ற முன்பகுதி உண்டு. இவ்வாறு விரைவாக இணைத்த பைப்லைன் சற்று மெதுவாக ஓடும், ஏனெனில் முன் ஷேடர் எழுதி, பின் ஷேடர் படிக்காத மதிப்புகளை நீக்க வழியில்லை. அதனால் டிஎக்ஸ்விகே பின்னணி இழை ஒன்றில் முழுமையான பைப்லைனையும் உருவாக்கி, முடிந்ததும் மாற்றிக்கொள்கிறது.

கம்பைலரின் வேகத்திலேயே உழைக்க விரும்பினால், ஃபாசிலைஸ் என்ற கருவியிலிருந்து தொடங்குங்கள். அது விளையாட்டு உருவாக்கும் பைப்லைன்களைக் கோப்பாகச் சேமிக்கும். பின்னர் விளையாட்டே இல்லாமல் அவற்றை மறுபடி கம்பைல் செய்து நேரத்தை அளக்கலாம். அந்த ஓட்டத்தின் மீது எந்தப் பகுதியில் நேரம் செலவாகிறது என்று காட்டும் பெர்ஃப் கருவியை இயக்கினால் எந்தப் பாஸ் நேரத்தைத் தின்கிறது என்பது தெரிந்துவிடும். நிர் பாஸ்கள் பல, மாற்றம் எதுவும் இல்லை என்னும் வரை சுழன்று கொண்டே இருக்கும். எந்தப் பாஸ் கடைசியாக மாற்றம் செய்தது என்று நினைவில் வைத்து, சுற்று மீண்டும் அதனிடம் வந்ததும் நிறுத்தினால், பயனற்ற ஓட்டங்கள் குறையும். இத்தகைய சிறு வேலைகள்தான் பலன் தருகின்றன. புத்திசாலித்தனமான புதிய மேம்படுத்தல் ஒன்றைச் சேர்ப்பதைவிட, இருப்பதை வீணாக ஓட்டாமல் இருப்பதை நான் மேலாக மதிக்கிறேன்.

ஆனால் நேரத்தைக் குறைக்கும்போது உருவாகும் நிரலின் தரத்தையும் கூடவே பாருங்கள். உங்கள் அட்டையில் 32 இழை கொண்ட வேவ் (ஒன்றாக ஓடும் இழைகளின் குழு) ஒன்று 64 வெக்டர் ரெஜிஸ்டர்களுக்குள் (இடைநிலை மதிப்புகளை வைக்கும் இடங்கள்) அடங்கினால், கணக்கிடும் பகுதியான சிம்ட் அலகு ஒன்றில் 16 வேவ்கள் வரை தங்கலாம். ரெஜிஸ்டர்கள் 16, 16 ஆகவே ஒதுக்கப்படுவதால், 65 ஆனவுடன் ஒதுக்கீடு 80 ஆகி, 12 வேவ்களுக்குத்தான் இடமிருக்கும். ஒரு பாஸை நீக்கியதால் ஒரே ஒரு ரெஜிஸ்டர் கூடினாலும், நினைவகத்துக்காகக் காத்திருக்கும் ஷேடரில், அந்த நேரத்தில் ஓட வேறு வேவ்கள் குறைவதால், அது வேகத்தைப் பாதிக்கக்கூடும்.

பதில்: வரைபொறி

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. மேசாவின் மூலத்தை எடுத்து, கணினியில் நிறுவாமலே மெசான் என்ற கட்டமைப்புக் கருவி வழியாகத் தனி அடைவில் கட்டமைத்துவிட்டேன். அமைப்புக் கோப்பில் விளையாட்டின் பதிவைச் சேர்த்தபின், எந்த டீபக் மாறியும் இல்லாமலேயே மினுக்கம் மறைந்துவிட்டது. இதை அனுப்பும்போது எதையெல்லாம் குறிப்பிட வேண்டும்?

பதில்: ரெஜிஸ்டர்

மேசாவின் மூலம் இருக்கும் ஃப்ரீடெஸ்க்டாப் கிட்லேப் தளத்தில் மெர்ஜ் ரிக்வெஸ்டாக (திருத்தத்தைச் சேர்க்கக் கோரும் விண்ணப்பமாக) அனுப்புங்கள். எந்த அட்டை, விளையாட்டின் எந்தக் காட்சி, எந்தத் தேர்வுகளில் மறைந்தது, எதில் மறையவில்லை என்பதைக் கமிட் (ஒரு திருத்தத்தின் பதிவு) செய்தியில் எழுதுங்கள். மதிப்பாய்வு செய்பவரிடம் உங்கள் அட்டையோ அந்த விளையாட்டோ இல்லாமல் இருக்கலாம். முந்தைய கமிட் எதுவும் இதை உடைக்கவில்லை என்பதால் அத்தகைய கமிட்டைச் சுட்டும் குறிப்பு தேவையில்லை. நிலையான பதிப்புகளுக்கும் இது போக வேண்டும் என்ற குறிப்பை மட்டும் சேருங்கள். அனுப்புவதற்கு முன், பைப்லைன் சொன்ன ஃபாசிலைஸ் கோப்புகளில் வேறு ஓரிரு விளையாட்டுகளை ஓட்டி, அவற்றின் ரெஜிஸ்டர் எண்ணிக்கையிலும் கட்டளை எண்ணிக்கையிலும் எந்த மாற்றமும் இல்லை என்று உறுதி செய்துவிட்டு, அதையும் ஒரு வரியில் குறிப்பிடுங்கள்.