ஈசிஆர் க்ரூப் ரைடுல கேப் விழுந்துடுது, இன்டர்வல் எப்படி பண்ணணும்?

வேளச்சேரி_பெடல்:
வணக்கம் மக்களே. வயசு 41, ரோடு பைக் (வேகமா ஓட்டற சைக்கிள்), சனிக்கெழம க்ரூப்போட ஈசிஆர்ல (கிழக்கு கடற்கரைச் சாலை) திருவான்மியூர்ல கெளம்பி மாமல்லபுரம் போயிட்டு வருவேன். முட்டுக்காடு பாலம் வரைக்கும் ஒட்டிக்கிட்டே போயிடறேன், அங்க முன்னாடி இருக்கறவங்க ஒரு அழுத்து அழுத்துனா அவ்ளோதான், கேப் விழுந்துடுது, திரும்ப புடிக்கவே முடியல. வார நாள்ல காலைல ஒரு மணி நேரம்தான் கெடைக்கும், அதுல யூடியூப் பாத்து தபாட்டாங்கற இன்டர்வல் (அழுத்தி மிதிச்சு, நடுவுல ரெஸ்ட் விடற பயிற்சி) பண்றேன், 20 செகண்ட் அடி 10 செகண்ட் ரெஸ்ட், திங்கள்லேந்து வெள்ளி வரைக்கும் டெய்லி, வீட்லயே ட்ரெய்னர்ல (சைக்கிள மாட்டி நின்ன எடத்துலயே மிதிக்கற ஸ்டாண்ட்). இப்ப மாடிப்படி ஏறுனாலே கால் கனக்குது, ஸ்பீடும் ஏறல. வாட்ச்ல ஹார்ட் ரேட் அந்த 20 செகண்ட்ல ஏறவே மாட்டேங்குது, அதுவும் ஏன்னு புரியல. மிதிக்கற சக்திய அளக்கற பவர் மீட்டர் வாங்க பட்ஜெட் இல்ல. என்ன மாத்தணும்?

அடையாறு_காலைக்காத்து:
ப்ரோ, மொதல்ல டெய்லி பண்றத நிறுத்துங்க. 1996ல வந்த தபாட்டா ஆராய்ச்சில பசங்க மிதிச்சது விஓ2 மேக்ஸ் (உடம்பு அதிகபட்சமா ஆக்ஸிஜன் எடுத்துக்கற அளவு) லோடுல 170 சதவீதம், ஏழெட்டு ரவுண்டுல ஆளு முடிஞ்சு போயிடுவான், அதுக்கு மேல மிதிக்க முடியாது. வாரம் 5 நாள் பண்ணாங்கதான், ஆனா மொத்தமே 6 வாரம், அவங்க காலேஜ் வயசு ஸ்போர்ட்ஸ் பசங்க. நீங்க அஞ்சு நாளும் அர வேகத்துல அடிக்கறீங்க, கஷ்டமும் முழுசா இல்ல ரெஸ்ட்டும் முழுசா இல்ல, கால் கனக்கறது அதான்.

வாட்ச்ல தப்பு இல்ல. நீங்க அழுத்துனதுக்கு இதயம் சுதாரிச்சு மேல வர ஒரு நிமிஷத்துக்கு மேல ஆகும், அதுக்குள்ள உங்க 20 செகண்ட் முடிஞ்சுடுது. 4 நிமிஷம் அழுத்தி 3 நிமிஷம் லேசா மிதிங்க, இதையே நாலு தடவ, முன்னாடி பத்து நிமிஷம் வார்ம் அப். மூச்ச வச்சு அளவு பாருங்க: மொத நிமிஷம் ஒரு வாக்கியம் பேச முடியணும், கடைசி நிமிஷத்துல ஒரு வார்த்தைக்கு மேல வரக்கூடாது. மொத ரவுண்டு ரொம்ப ஈஸியா இருக்கேன்னு தோணும், அப்படியே விடுங்க, மூணாவதுல தெரியும். நாலாவதுல வேகம் செத்துப்போச்சுன்னா ஆரம்பத்துல ஓவரா அடிச்சிருக்கீங்கன்னு அர்த்தம்.

பெசன்ட்நகர்_சக்கரம்:
அண்ணா, நானும் வீட்ல ட்ரெய்னர்லதான் பண்றேன், ஒண்ணு சொல்லணும். நம்ம ஊர் புழுக்கத்துல சீலிங் ஃபேன் பத்தவே பத்தாது, ஸ்டாண்ட் ஃபேன நெஞ்சுக்கு நேரா ரெண்டடில வைங்க, கீழ பழைய பெட்ஷீட் போடுங்க. உடம்ப குளுமையாக்க ரத்தம் தோலுக்கு ஓடறதால அதே மிதிக்கு ஹார்ட் ரேட் ஜாஸ்தியாதான் காட்டும், டிசம்பர் நம்பரையும் மே மாச நம்பரையும் வச்சு பயப்படாதீங்க. வேர்வைல உப்பு போகும், முடிச்சதும் உப்பு போட்ட மோர் ரெண்டு டம்ளர் குடிங்க.

தயவுசெஞ்சு ஈசிஆர்ல இன்டர்வல் பண்ணாதீங்க. நாலாவது ரவுண்டுல தல தானா கீழ போயிடும், பின்னாடி வர்ற பஸ் ஹாரன்கூட காதுல விழாது. ஃப்ளைஓவர்ல பண்லாம்னு சிலர் சொல்வாங்க, நம்ம ஃப்ளைஓவர் பெரும்பாலும் சீக்கிரமே முடிஞ்சுடும், 4 நிமிஷத்துக்கு காணாது.

தாம்பரம்_கியர்:
ரெண்டு பேர் சொன்னதும் சரி, ஆனா இவரோட பிரச்சன முட்டுக்காடு பாலம். அங்க வேணுங்கறது விட்டு விட்டு அழுத்தற தெம்பு. அதுக்கு 30 செகண்ட் அழுத்தி 15 செகண்ட் லேசா மிதிக்கற இன்டர்வல் இருக்கு, 13 தடவ சேந்தா ஒரு செட், ஒம்பதர நிமிஷம். நார்வேல ரோன்னஸ்டாட் டீம் பயிற்சி எடுத்த சைக்கிளிஸ்ட்டுகள வச்சு வாரம் ரெண்டு தடவ, 10 வாரம் பாத்தாங்க, 5 நிமிஷ இன்டர்வல் பண்ண க்ரூப்ப விட இந்த க்ரூப் நல்லா முன்னேறுச்சு. அவங்க பண்ணது 3 செட், நீங்க ஒரே செட்ல ஆரம்பிங்க.

இன்னொண்ணு, சனிக்கெழம ரைடே ஒரு ஹார்ட் நாள்தான், அதயும் கணக்குல சேருங்க. அப்ப வார நாள்ல ஒண்ணே ஒண்ணு போதும், செவ்வாய் பண்ணுங்க, மத்த நாள் பேசிக்கிட்டே மிதிக்கற வேகம், இல்ல ரெஸ்ட். பாலத்துல ரெண்டு பக்கமும் தண்ணி, காத்து சைடுல அடிக்கும், அது வர்றதுக்கு முன்னாடியே மூணாவது நாலாவது ஆளா போய் ஒளிஞ்சுக்கோங்க, கடைசில இருந்தா கேப் ஒங்களுக்குத்தான் விழும். 41ன்னு சொல்றீங்க, வீட்ல யாருக்காவது ஹார்ட் பிரச்சன உண்டா?

வேளச்சேரி_பெடல்:
எல்லாருக்கும் ரொம்ப தேங்க்ஸ். அப்பாவுக்கு 52 வயசுல அட்டாக் வந்து ஸ்டென்ட் வச்சாங்க. இப்ப ஓட்டறப்போ எனக்கு வலி எதுவும் இல்ல.

தாம்பரம்_கியர்:
அப்ப இன்டர்வல் இப்போதைக்கு வேணாம், சனிக்கெழம க்ரூப்போட அழுத்தறதயும் நிறுத்தி வைங்க. கார்டியாலஜிஸ்ட்ட போய் அப்பா விஷயத்தையும் நீங்க பண்ணப்போற பயிற்சியையும் வெவரமா சொல்லுங்க, ஈசிஜி, டிஎம்டி (ட்ரெட்மில்ல நடக்க வச்சு இதயத்த பாக்கற டெஸ்ட்) என்ன வேணும்னு அவர் சொல்வார். ஓகேன்னு சொன்னப்புறம் செவ்வாய்க்கெழம மொத செட். ஓட்டறப்போ நெஞ்சு இறுக்கம், தல சுத்தல் வந்தா அப்படியே எறங்கிடுங்க, செட்ட முடிச்சுட்டு பாக்கலாம்னு இருக்காதீங்க.