தாலோஸை வீழ்த்தியது யார்? கிரேக்கப் புராணப் படங்கள் குறித்து ஒரு விவாதம்

ஏட்டுச்சுவடி:

கிரேக்கப் புராணங்களைக் கொண்டு எடுக்கப்பட்ட மாயாஜாலப் படங்களில் தலைசிறந்தது எது என்று கேட்டால், பலரும் 1963இல் வெளிவந்த 'ஜேசன் அண்ட் தி ஆர்கோநாட்ஸ்' படத்தையே சொல்கிறார்கள். அதில் பூதங்களையும் எலும்புக்கூடுகளையும் அசைய வைத்த திரைக்கலைஞர் ரே ஹாரிஹவுசனின் கைவண்ணத்தை நானும் வியக்கிறேன். ஆனால் பொன் ஆட்டுத்தோலைத் தேடி ஜேசன் தன் தோழர்களோடு கடலோடிய கதையைக் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அப்பொல்லோனியஸ் பாடிய 'ஆர்கோநாட்டிகா' காவியத்தில் படித்துவிட்டு அந்தப் படத்தைப் பார்த்தால், ஒரு பெரிய களவு நடந்திருப்பது புலப்படும். காவியத்தில் வெண்கலப் பூதமான தாலோஸை வீழ்த்துபவள் ஜேசனைக் காதலிக்கும் மந்திரக்காரி மெடியா. பொன் ஆட்டுத்தோலைக் காத்துக் கிடக்கும் உறங்காத நாகத்தை மந்திரப் பாடலாலும் மூலிகைச் சாற்றாலும் உறங்க வைப்பவள் மெடியா. நிலத்தில் விதைத்த நாகப் பற்களிலிருந்து முளைத்தெழும் வீரர்களின் நடுவே ஒரு பாறையை எறிந்தால் அவர்கள் தமக்குள்ளேயே வெட்டிக்கொண்டு மடிவார்கள் என்ற உபாயத்தைச் சொல்லிக் கொடுத்தவளும் அவளே. படத்தில் இந்த மூன்றும் ஜேசனின் கைக்குப் போய்விட்டன. மெடியாவுக்கு மிஞ்சியது ஒரு நடனமும் ஓர் அம்புக் காயமும்தான். அந்தக் காயத்திலிருந்து அவளைப் பிழைக்க வைப்பவனும் ஜேசனே. இதை எப்படிக் குறையாகக் கருதாமல் இருக்க முடியும்?

கடற்காகம்:

ஏட்டுச்சுவடி அவர்களே, காவியத்தை மூலம் என்றும் படத்தை அதன் நகல் என்றும் கொண்டால்தான் 'களவு' என்ற சொல் பொருந்தும். கிரேக்கர்களுக்கு அப்படி ஒற்றை மூலம் இருந்ததில்லை. அப்பொல்லோனியஸுக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் முன்பு டூரிஸ் என்ற ஓவியர் தீட்டிய கிண்ணம் ஒன்று வத்திக்கான் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் நாகத்தின் வாயிலிருந்து ஜேசன் கைகள் தொங்க வெளியே வருகிறான். எதிரே ஆந்தையை ஏந்தியபடி அத்தீனா தேவி நிற்கிறாள். பின்னால் மரத்தில் ஆட்டுத்தோல் தொங்குகிறது. நாகம் ஜேசனை விழுங்கி உமிழ்ந்ததாக இன்று நமக்குக் கிடைத்துள்ள நூல் எதுவும் சொல்லவில்லை. மெடியாவும் அந்த ஓவியத்தில் இல்லை. டூரிஸுக்கு இருந்த உரிமை ஹாரிஹவுசனுக்கு மட்டும் ஏன் இல்லை?

அந்த உரிமையை அவர் எப்படிப் பயன்படுத்தினார் என்பதற்குத் தாலோஸ் காட்சியே போதும். பீடத்தின்மேல் குத்திட்டு அமர்ந்திருக்கும் சிலை, உலோகம் உராயும் ஒலியோடு மெல்லத் தலையைத் திருப்புகிறது. தம் உருவங்கள் தடங்கலின்றி இயல்பாக அசைய வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் பாடுபட்ட ஹாரிஹவுசன், வெண்கலம் வெண்கலமாகவே தெரிய வேண்டும் என்பதற்காக இங்கே மட்டும் அசைவை வேண்டுமென்றே விறைப்பாக வைத்தார். ஜேசன் குதிகாலின் மூடியைத் திருகித் திறந்ததும் செந்நிறத் திரவம் பீறிட்டு ஓட, அந்தப் பூதம் மூச்சுத் திணறுபவனைப் போலத் தன் தொண்டையைப் பிடித்துக்கொள்கிறது. முகத்தில் எந்த உணர்ச்சியையும் காட்ட முடியாத ஓர் உருவத்தின்மேல் நமக்கு இரக்கம் சுரக்கிறதே, அதுதான் திரைக்கலை. படத்தில் அந்தப் பற்களிலிருந்து எழும் எலும்புக்கூடுகளின் போரும் அத்தகையதே: மூன்று மனிதர்களோடு ஏழு எலும்புக்கூடுகள் மோதும் சில நிமிடக் காட்சிக்காக, ஒவ்வோர் உருவத்தையும் இம்மி இம்மியாக நகர்த்திப் படம்பிடிக்க நான்கு மாதங்களுக்கும் மேல் ஆயின.

நீலாம்பல்:

இருவரும் 1963லேயே நின்றுவிட்டீர்கள். இவ்வகைப் படங்களின் பெருங்குறையாக எனக்குப் படுவது தெய்வங்களை நல்லவர், கெட்டவர் என்று பிரித்துவிடுவதுதான். 2010இல் வந்த 'கிளாஷ் ஆஃப் தி டைட்டன்ஸ்' படம் பாதாளத் தெய்வமான ஹேடீஸைச் சூழ்ச்சிக்காரச் சாத்தானாக்கியது. ஹோமரின் இலியட்டில் மூன்று சகோதரர்களும் குலுக்கல் போட்டு உலகைப் பங்கிட்டபோது, வானம் ஜீயஸுக்கும் கடல் பொசைடனுக்கும் பாதாளம் ஹேடீஸுக்கும் விழுந்தன. ஹேடீஸ் கடுமையானவன், இறந்தவர்களைத் திருப்பித் தராதவன். ஆனால் தீமையின் தலைவன் அல்லன். மாறாக, 1963 படத்தில் தெய்வங்களின் அரசன் ஜீயஸும் அவன் மனைவி ஹீராவும் மனிதர்களைக் காய்களாக வைத்துப் பலகையில் ஆடுகிறார்கள். ஜேசனுக்கு ஐந்து முறை மட்டுமே உதவலாம் என்று ஹீராவுக்கு ஜீயஸ் கட்டுப்பாடு விதிக்கிறான். நூல்களில் அப்படியொரு ஆட்டம் இல்லாவிட்டாலும், ஹோமரின் தெய்வங்களுடைய போக்கு அதில் அப்படியே இருக்கிறது. ஸ்காண்டிநேவியக் கடற்கதைகளின் கிராக்கன் என்ற கடற்பூதத்தை, அந்த 2010 படத்தின் நாயகன் பெர்சியஸின் கதைக்குள் கொண்டுவந்ததையும், பெல்லரோஃபோன் என்ற வேறொரு வீரன் அடக்கிய சிறகுள்ள குதிரை பெகாசஸைப் பெர்சியஸுக்குக் கொடுத்ததையும்கூட என்னால் பொறுத்துக்கொள்ள முடியும். ஹேடீஸுக்குச் செய்ததைப் பொறுக்க முடியவில்லை.

ஏட்டுச்சுவடி:

நீலாம்பல் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். கடற்காகம் அவர்கள் காட்டிய கிண்ணத்தை மட்டும் மறுபடி பாருங்கள். டூரிஸ் மெடியாவைத் தீட்டவில்லை என்பது உண்மை; ஆனால் அவள் செயலைத் தூக்கி ஜேசனிடம் கொடுக்கவும் இல்லை. அங்கே அவன் அரை உயிராகத் தொங்குகிறான், அத்தீனா இல்லாவிட்டால் அவனுக்குக் கதி இல்லை. படமோ அவனை யாருடைய துணையாலும் சிறுத்துவிடாத வீரனாக்கப் பார்க்கிறது, அதற்கு மெடியா விலையாகிறாள்.

இரக்கத்தையும் திரைதான் கண்டுபிடித்தது என்று எண்ண வேண்டாம். காவியத்தில் மெடியாவின் பார்வை பட்டுத் தடுமாறும் தாலோஸ் கூரான பாறையில் கணுக்காலைச் சிராய்த்துக்கொள்ள, உருகிய ஈயம் போல அவன் குருதி வழிகிறது. மரம்வெட்டிகள் பாதி வெட்டிவிட்டுப் போன மலைப் பைன் மரம் இரவுக் காற்றில் முதலில் அசைந்து, பிறகு அடியோடு முறிந்து விழுவதைப் போல, அவனும் சற்று நேரம் ஆடியபடி நின்று விழுகிறான். இதே கதையை 1969இல் இத்தாலிய இயக்குநர் பசோலினி 'மெடியா' என்ற படமாக எடுத்தபோது, புகழ்பெற்ற ஓபரா பாடகி மரியா காலஸை ஒரு வரிகூடப் பாட விடாமல், துருக்கியிலுள்ள கப்படோக்கியாவின் குகைப் பாறைகளுக்கு நடுவே நிறுத்தினார். அங்கே மெடியாவின் ஆற்றல் மெடியாவிடமே இருக்கிறது.

கடற்காகம்:

பைன் மர உவமையைப் படித்ததும் படத்தின் அந்தப் பகுதியை மீண்டும் ஓட்டிப் பார்த்தேன். தொண்டையைப் பிடித்துக்கொண்ட பிறகு தாலோஸ் உடனே விழுவதில்லை. உடலில் விரிசல்கள் ஓட, சற்று நேரம் ஆடியபடி நிற்கத்தான் செய்கிறான். உவமை திரைக்கு வந்துவிட்டது, மெடியா வரவில்லை. அவள் விஷயத்தில் உங்கள் குற்றச்சாட்டை ஏற்கிறேன். படம் முடியும்போது ஜேசனை இன்னும் விட்டுவிடவில்லை என்றும் ஆட்டத்தை வேறொரு நாள் தொடரலாம் என்றும் ஜீயஸ் சொல்கிறான். மெடியா தன் முழு உருவத்தோடு எழுவது, தன்னைக் கைவிட்ட ஜேசனை அவள் பழிவாங்கும், அதற்குப் பிந்தைய கொரிந்து நகரக் கதையில்தான். அந்தத் தொடர்ச்சியை ஹாரிஹவுசன் எடுக்கவே இல்லை.