கல்யாண போட்டோ ஸ்டுடியோவை ஒழுங்குபடுத்தித் தரும் வேலை: எங்கே தொடங்குவது, எவ்வளவு கேட்பது?

பீளமேடு_நூல்

வணக்கம். சிறு கடைகள், ஸ்டுடியோக்கள், தையல் பொட்டிக் போன்ற இடங்களுக்குப் போய் ஆர்டர், ஃபைல், பில் எல்லாவற்றையும் ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவந்து தரும் வேலையைத் தனியாக எடுத்துச் செய்ய இருக்கிறேன். முதலில் வந்திருப்பது கோவையில் ஒரு கல்யாண போட்டோ ஸ்டுடியோ. இரண்டு பங்குதாரர்கள், ஒரு எடிட்டர், முகூர்த்த நாளில் மட்டும் வெளியாட்கள். வருஷத்துக்கு 35 கல்யாணம்.

இப்போதைய நிலை: 11 ஆல்பம் கொடுபடாமல் நிற்கிறது. பெயர் எழுதாத ஹார்டு டிஸ்க் 14. முன்பணக் கணக்கு டைரியில். வாடிக்கையாளர் பேச்சு மூன்று போனில் சிதறிக் கிடக்கிறது. "நல்ல சாப்ட்வேரா ஒண்ணு போட்டுக் குடுங்க, போதும்" என்கிறார்கள். முதல் வாரம் எதைத் தொடுவது? சாப்ட்வேர் வாங்கச் சொல்லலாமா? நாள் கூலியாகக் கேட்பதா, மொத்தமாகப் பேசுவதா?

சுவர்ப்பலகை

சாப்ட்வேரை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். ரிசப்ஷன் முடிந்து இரவு ஒரு மணிக்கு லைட் ஸ்டாண்டை வண்டியில் ஏற்றும் ஆள் எந்தச் செயலியிலும் எதையும் பதியமாட்டார். இரண்டு வாரம் பதியாவிட்டால் அதில் இருப்பதை யாரும் நம்பமாட்டார்கள், பழைய டைரி திரும்ப வந்துவிடும்.

முதல் இரண்டு நாளும் ஒரே வேலைதான். முடிந்துபோன ஐந்து ஆர்டர், நிற்கிற ஐந்து ஆர்டர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் தேதிகளைத் தேடி எழுதுங்கள்: முதல் போன், முன்பணம், கல்யாணம், டிஸ்க்கில் இறக்கியது, ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்க வீட்டாருக்கு அனுப்பியது, தேர்வு திரும்பி வந்தது, டிசைன் முடிந்தது, வீட்டார் சரி சொன்னது, பிரிண்ட், ஒப்படைப்பு, பாக்கிப் பணம். எந்த இரண்டு தேதிக்கு நடுவில் நாள் அதிகம் போகிறதோ அங்கேதான் உங்கள் வேலை இருக்கிறது.

இந்தத் தொழிலில் அது பெரும்பாலும் 'தேர்வுக்கு அனுப்பியது – திரும்பி வந்தது' என்ற இடம். காரணமும் எளிது. 3,000 படத்தையும் அப்படியே பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். 12க்கு 36 அங்குல அளவில் 40 ஷீட் ஆல்பம் என்றால், ஷீட்டுக்கு ஐந்து படம் வைத்தாலும் 200தான். 15 படத்தில் ஒன்று என்று பொறுக்க வேண்டும். பெண் வீடு ஒரு ஊர், மாப்பிள்ளை வீடு வேறு ஊர், தம்பதி பெங்களூரிலோ துபாயிலோ. யார் உட்கார்ந்து பார்ப்பது? எடிட்டர் முதலில் கண் மூடியது, ஆடியது, ஒரே போஸ் நாலு தடவை எடுத்தது எல்லாவற்றையும் கழித்து 700ஆகக் கொடுத்தால் மூன்றுக்கோ நாலுக்கோ ஒன்று எடுத்தால் போதும். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

கூடவே 4 அடிக்கு 3 அடி வெள்ளைப் பலகை ஒன்று, எடிட்டர் மேஜைக்கு எதிரே. மேலே சொன்ன கட்டங்கள் குறுக்கே. கல்யாணத்துக்கு ஒரு அட்டை, காந்தத்தில். அட்டையில் தேதி, மண்டபம், இரு வீட்டு போன், ஷீட் எண்ணிக்கை, பாக்கித் தொகை. மூன்று மாதம் பலகை தவறாமல் நகர்ந்தால் அதற்கப்புறம் அதையே கூகுள் ஷீட்டாக மாற்றலாம்.

டிஸ்க்_டாக்டர்

பலகை சரிதான். ஆனால் அந்த 14 டிஸ்க்கைத்தான் முதல் நாளே பார்க்கணும். நிற்கிற 11 கல்யாணத்தில் எத்தனை ஒரே ஒரு டிஸ்க்கில் மட்டும் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. எடுத்த கல்யாணத்தைத் திரும்ப எடுக்க முடியாது, அதனால் இதில் தாமதம் வேண்டாம்.

எதையும் நகர்த்தாதீங்க, அழிக்காதீங்க, 'ஒழுங்குபடுத்துறேன்'னு ஃபோல்டர் பேரை மாத்தாதீங்க. பேரை மாத்தினா பாதியில் நிற்கிற ஆல்பம் டிசைனும் வீடியோ எடிட்டும் படம் எங்கேன்னு கேட்டு நிற்கும். செய்ய வேண்டியது இது: டிஸ்க்குக்கு 1 முதல் 14 வரை ஸ்டிக்கர் ஒட்டுங்க, உள்ளே இருக்கிற ஃபோல்டர் பட்டியலை ஒரு தாளில் இறக்குங்க. அந்த 11 கல்யாணத்துக்கும் இன்னொரு டிஸ்க்கில் நகல் எடுங்க. 'டக் டக்'னு சத்தம் வர்ற டிஸ்க் இருந்தா உடனே கழற்றி வைத்துவிடுங்க. திரும்பத் திரும்பச் சொருகிப் பார்த்தா மீட்கிறவங்களுக்கும் ஒண்ணும் மிஞ்சாது.

கொள்ளளவுக் கணக்கைப் பங்குதாரர்களிடம் பேப்பரில் போட்டுக் காட்டுங்க. ரா படம் (கேமராவின் மூல ஃபைல்) ஒன்று 30 எம்பி, 3,000 படம் 90 ஜிபி. 4கே வீடியோ நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் எடுத்தா மணிக்கு 45 ஜிபி. இரண்டு கேமரா, நாலு மணி நேரம்னா 360. ஆக ஒரு கல்யாணம் 450 ஜிபி. 4 டிபி டிஸ்க்கில் கொஞ்சம் காலி இடம் விட்டா ஏழு கல்யாணம். 35 கல்யாணத்துக்கு அஞ்சு டிஸ்க், இரண்டு நகல்னா பத்து. இந்தத் தொகை ஆர்டர் விலையிலேயே சேர்ந்திருக்கணும். இல்லேன்னா சீசன் நடுவில் இடம் காலியாகி, பழைய கல்யாணத்தை அழிப்பாங்க. இரண்டாவது நகல் பங்குதாரர் வீட்டில் இருக்கட்டும், கடையில் வேண்டாம்.

இறக்கும்போது இரண்டு விஷயம்:

கேமரா ஃபைல் எண் 9999க்கு அப்புறம் முதலிலிருந்து ஆரம்பிக்கும். இரண்டு கேமராவிலும் 4532ன்னு ஒரு படம் இருக்கலாம். ஒரே ஃபோல்டரில் கொட்டினா ஒண்ணு மேல ஒண்ணு ஏறி அழியும். அப்படி அழியாட்டியும், வீட்டார் "4532 வேணும்"னா எது? இறக்கும்போதே பேருக்கு முன்னாடி கேமரா எழுத்தைச் சேர்த்துடுங்க. வீட்டார் ஸ்கிரீன்ஷாட் அனுப்பினா வாங்காதீங்க, நம்பர் இருக்காது.

நாதஸ்வரம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எல்லா கேமரா கடிகாரமும் ஒரே நேரத்தில் இருக்கணும். அஞ்சு நிமிஷம் தள்ளிப் போனா, நேர வரிசைப்படி அடுக்கும்போது தாலி கட்டினதுக்கு அப்புறம் மாங்கல்யத்தைத் தட்டில் கொண்டுவர்ற மாதிரி வரும். எடிட்டருக்கு அரை நாள் போகும்.

கார்டை இரண்டு டிஸ்க்கிலும் இறக்கி, ஃபைல் எண்ணிக்கையும் மொத்த அளவும் ஒத்துப்போன பிறகுதான் ஃபார்மேட். அதுவும் கேமராவிலேயே.

ஐந்தாம்தேதி_உறை

பணப் பக்கம். ஆல்பம் நிற்கிறதால் பாக்கியும் நிற்கிறது. இப்போது பாதி பணம் ஆல்பம் கொடுக்கும் அன்று என்று வைத்திருப்பார்கள். வீட்டாருக்கும் அவசரம் இல்லை, ஸ்டுடியோவுக்கும் கையில் காசில்லை. மாற்றிக் கொடுங்கள்: பதிவு செய்யும்போது 30 சதம், கல்யாணத்தன்று 50, பிரிண்டுக்குப் போகும் முன் 20. ஒப்படைக்கும்போது வாங்க ஒன்றும் இருக்கக்கூடாது.

பங்குதாரர் இருவரும் அவரவர் சொந்த எண்ணில் ஜிபே வாங்குவதை முதல் வாரமே நிறுத்தச் சொல்லுங்கள். நிறுவனப் பெயரில் ஒரு நடப்புக் கணக்கு, ஒரே கியூஆர். இல்லையென்றால் வருஷ வரவு எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. சேவைத் தொழிலில் வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். 35 கல்யாணம் எடுக்கும் இடம் அந்தக் கோட்டை எளிதாகத் தொடும். பதிவு செய்த ஸ்டுடியோவில் அதிகம் பேர் தவறும் இடம் முன்பணம். சேவைக்கு வாங்கும் முன்பணத்துக்கு வாங்கிய காலத்திலேயே வரி உண்டு, கல்யாணம் ஆறு மாதம் கழித்து என்றாலும். அதற்கு ரசீது வவுச்சர் போட வேண்டும்.

பில் எண் ஏப்ரல் 1 முதல் ஒரே வரிசை, விடுபடாமல். வரிக் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லாதீர்கள், அது ஆடிட்டர் வேலை. மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு விற்பனை விவரம் 11ஆம் தேதிக்குள் போக வேண்டும், அதனால் 5ஆம் தேதி பில், வவுச்சர், வங்கி அறிக்கை மூன்றும் ஒரே உறையில் ஆடிட்டர் கையில் இருக்கும்படி பழக்கிவிடுவது உங்கள் வேலை.

மார்கழி_வேலை

கூலி பற்றி. நாள் கணக்கு வேண்டாம். கைவேகம் உள்ளவருக்கு அதில் நஷ்டம்; வாடிக்கையாளரும் மீட்டர் ஓடுகிறதே என்று உங்களைக் கூப்பிடத் தயங்குவார். மூன்று துண்டாகப் பேசுங்கள். இரண்டு நாள் ஆய்வு, தனிக் கட்டணம், முன்னாலேயே. இந்த அளவுள்ள இடத்துக்கு 6,000 முதல் 8,000 கேட்பது நியாயம் என்பது என் கருத்து. இலவசமாகப் பார்த்துக் கொடுத்தால் குறிப்பை வாங்கி வைத்துக்கொண்டு வேலை தரமாட்டார்கள். அடுத்து நான்கு வார அமைப்பு வேலை, மொத்தத் தொகை, பாதி முன்பணம். அப்புறம் மூன்று மாதம், மாதம் ஒருமுறை இரண்டு மணி நேரம். கடைசித் துண்டை விட்டுவிடாதீர்கள். முதல் முகூர்த்தக் கூட்டத்தில்தான் எல்லாம் சரியும், அப்போது போய் நிற்க வேண்டும்.

செய்யமாட்டேன் என்பதையும் எழுதிக் கொடுங்கள்: கணக்கு எழுதுவது, படம் திருத்துவது, டிஸ்க் மீட்பது, பாக்கி வசூலிப்பது. எழுதாவிட்டால் மூன்றாவது வாரம் ஆல்பம் டிசைன் செய்துகொண்டிருப்பீர்கள்.

பலகைக்குப் பொறுப்பு எடிட்டருக்கு. பங்குதாரர்கள் வெளியே ஓடுகிறவர்கள், அவர்களிடம் கொடுத்தால் நகராது. சுவர்ப்பலகை சொன்னதில் ஒரு குறை: வெளியே இருப்பவர்களுக்குப் பலகை தெரியாது. தினம் மாலை 7 மணிக்கு எடிட்டர் ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடட்டும்.

நாலு வார வேலையை மார்கழியிலோ ஆடியிலோ வையுங்கள். தை பிறந்தபின் யாரும் உட்கார்ந்து கேட்கமாட்டார்கள்.

பீளமேடு_நூல்

எல்லோருக்கும் நன்றி. டிஸ்க்கிலிருந்தே தொடங்குகிறேன். ஒன்று மட்டும்: நிற்கிற 11 வீட்டுக்கும் இப்போது என்ன சொல்லச் சொல்வது? பழைய பேச்சில் கெடு எதுவும் இல்லை.

சுவர்ப்பலகை

கெடு இல்லாததால் மிரட்டும் தொனி கூடாது. 700 படத் தொகுப்பு தயாரான பிறகு, வீட்டுக்கு ஒன்றாக, பங்குதாரர் பெயரில் போகட்டும்:

"வணக்கம் சார். உங்கள் வீட்டுக் கல்யாணப் படங்களில் நல்லதாக 700 பிரித்து, எண்ணோடு அனுப்பியிருக்கிறோம். அதில் 200 எண்களை 21 நாளுக்குள் அனுப்பினால் அடுத்த 30 நாளில் ஆல்பம் தருகிறோம். நேரமில்லை என்றால் சொல்லுங்கள், நாங்களே தேர்ந்தெடுத்து டிசைனைக் காட்டுகிறோம். 10 படம் வரை மாற்றிக்கொள்ளலாம்."

ஒரே நாளில் 11 பேருக்கும் அனுப்ப வேண்டாம். எல்லோரும் ஒன்றாகத் திருப்பி அனுப்பினால் எடிட்டரால் 30 நாள் வாக்கைக் காப்பாற்ற முடியாது. வாரம் மூன்று, பழைய கல்யாணம் முதலில். டிசைனைக் காட்டும் முன் பத்திரிகையைப் பக்கத்தில் வைத்துப் பெயர்களை எழுத்தெழுத்தாக ஒப்பிடச் சொல்லுங்கள். பிரிண்ட் ஆனபின் தாத்தா பெயரில் ஒரு 'ள' 'ல' ஆகியிருந்தால் அந்த ஷீட் மட்டும் மாற்ற வராது, முழு ஆல்பமும் திரும்ப அடிக்க வேண்டியிருக்கும்.