தேய்மானமா, தேய்வா? வார்ப்புச் சோதனைச் சொற்கள் பற்றி

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

> 'வேர் ரெசிஸ்டன்ஸ்' (wear resistance) என்பதற்கு 'தேய்மான எதிர்ப்பு' என்றே இருக்கட்டுமே. எல்லாருக்கும் புரிகிறதே?

போன மடலில் குழுவைச் சேர்ந்த ஐயா ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார். புரிகிறது, உண்மைதான். ஆனால் அந்தச் சொல்லால் எங்கள் ஆய்வகத்தில் ஒரு தவறு நடந்தது. அதைச் சொன்னால் என் தயக்கம் விளங்கும்.

நான் கோவையில், உலோகத்தை உருக்கி அச்சில் ஊற்றி வார்க்கும் ஒரு பவுண்டரியின் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். வார்ப்புகளையும் பூச்சுகளையும் நாங்கள் மணல் சக்கரத்தில் சோதிப்போம். ரப்பர் விளிம்பு போட்ட சக்கரம் சுழலும். மாதிரித் துண்டை 130 நியூட்டன் விசையில் அதன்மேல் அழுத்தி, இரண்டுக்கும் நடுவே காய்ந்த குவார்ட்ஸ் மணலை நிமிடத்துக்கு 300 முதல் 400 கிராம் வரை மெல்லிய திரையாக விழவிடுவோம். இந்தச் சோதனைக்கான ஏஎஸ்டிஎம் ஜி65 என்ற தரத்தின் 'ஏ' முறைப்படி 6000 சுற்று. கழற்றிப் பார்த்தால் துண்டின் முகத்தில், ஈரக் களிமண்ணைக் கட்டைவிரலால் இழுத்துவிட்டது போல ஒரு பள்ளம் இருக்கும். முன்னும் பின்னும் எடை போட்டு, குறைந்த எடையை அடர்த்தியால் வகுத்து, கன மில்லிமீட்டரில் எழுத வேண்டும். உலோகத்துக்கு உலோகம் அடர்த்தி மாறுவதால் எடையை அப்படியே ஒப்பிட முடியாது.

தமிழ்ப் படிவத்தில் அந்தக் கட்டத்துக்கு நான் போட்டிருந்த தலைப்பு 'தேய்மான எதிர்ப்பு'. புதிதாகச் சேர்ந்த தம்பி, 61 என்று வந்த துண்டுக்குப் பச்சை அட்டை கட்டிவிட்டார், 22 வந்ததை ஒதுக்கிவிட்டார். கேட்டதற்கு, "எதிர்ப்பு அதிகமா இருந்தா நல்லதுதானுங்களேண்ணா" என்றார். அவர் படித்தது சரி. அந்தக் கட்டத்தில் இருந்தது எதிர்ப்பே அல்ல, இழப்பு. தலைப்பை எழுதிய நான்தான் தவறு செய்தவன்.

அதனால் இங்கே ஒரு சொல் போதாது என்று நினைக்கிறேன். நடக்கும் செயலுக்குத் தேய்வு, அளந்து எழுதும் எண்ணுக்குத் தேய்விழப்பு, பொருளின் குணத்துக்குத் தேய்வு தாங்குதிறன்.

'தேய்மானம்' வேண்டாம் என்பதற்குக் காரணம் கணக்குப் பிரிவு. அவர்களுக்கு அது இயந்திரத்தின் மதிப்பு ஆண்டுக்கு ஆண்டு குறைவது. ஒரே ஆலைக்குள் ஒரே இயந்திரத்துக்கு இரண்டு 'தேய்மானம்' எழுதினால் குழப்பம்தான். 'தேய்வு' என்றால் மெலிதல்தானே, உலோகத்துக்குப் பொருந்துமா என்று சகோதரி ஒருவர் கேட்டிருந்தார். உட்பகை உற்ற குடி 'அரம்பொருத பொன்போலத் தேயும்' என்கிறது குறள் 888. அங்கே பொன் என்பது இரும்பு. அரம் உராய்ந்து இரும்பு குறைவதற்கு இதைவிடப் பழைய, பொருத்தமான வினை எங்கே தேடுவது?

'எதிர்ப்பு' என்பதைவிட 'தாங்கு' எனக்குப் பிடிப்பதற்குக் காரணம், பட்டறையில் அப்படித்தான் கேட்கிறார்கள். "இந்த லைனர் (இயந்திரத்தின் உட்புறத்தில் பொருத்தும் காப்புத் தகடு) எத்தனை மாசம் தாங்குமுங்க?" இதில் இன்னொரு வசதியும் உண்டு. எதைத் தாங்கும் என்ற கேள்வி தானாக வந்துவிடும். குரோமியம் மிகுந்த வெள்ளை வார்ப்பிரும்பு மணல் உரசலை அருமையாகத் தாங்கும். பெரிய கல் ஓங்கி விழுந்தால் விரிசல் விடும். பொதுவாகத் 'தாங்குதிறன் அதிகம்' என்று எழுதி அனுப்பினால் வாங்குபவர் ஏமாறுவார்.

அப்புறம் தேய்வின் வகைகள். மணல் உரசிக் கீறுவதற்குச் 'சிராய்ப்பு' என்ற சொல் கையிலேயே இருக்கிறது. முழங்காலில் படுகிற அதே சிராய்ப்புதான். சிக்கல் 'அரிப்பு'. தண்ணீரோடு வரும் மணல் மோதிப் பம்பின் உள்ளே சுழலும் இம்பெல்லர் குறைவதையும் அரிப்பு என்கிறோம், வேதிவினையால் உலோகம் கெடுவதையும் அரிப்பு என்கிறோம். முன்னதற்குத் துகளரிப்பு, பின்னதற்குப் பாடநூல்களில் உள்ள அரிமானம் என்று பிரித்துவிடலாம்.

பூச்சுகளுக்குத் தனியாக ஒரு சொல் தேவைப்படுகிறது. மெல்லிய பூச்சை 6000 சுற்று ஓட்டினால் பூச்சு தீர்ந்து அடி உலோகமும் தேயும். வருகிற எண் இரண்டும் கலந்ததாகிவிடும். அதற்காகத்தான் 100 சுற்றோடு நிறுத்துகிற 'சி' முறை இருக்கிறது. பூச்சு தேய்ந்து அடி தெரிகிற அந்த நிலைக்கு 'அடிகாணல்' என்று குறித்து வைத்திருக்கிறேன். இதைவிட நல்லது தோன்றினால் சொல்லுங்கள்.

அச்சுகளைப் பொறுத்தவரை, ஒருமுறை ஊற்றி உடைக்கும் மணலச்சுக்குத் தேய்வு என்ற பேச்சு அவ்வளவாக இல்லை. அலுமினியம் ஊற்றும் எஃகு அச்சு அப்படியல்ல. சூடும் குளிர்ச்சியும் மாறி மாறி வந்து முகத்தில் வலை போல நுண்விரிசல் விழும். அதற்கு 'வெப்ப விரிசல்வலை' போதும்.

கடைசியாக ஒன்று. எண்ணெய் வற்றிய இடத்தில் இரண்டு உலோகப் பரப்புகள் ஒட்டிக்கொண்டு, பிய்ந்து, ஒன்றின் துணுக்கு மற்றதில் அப்பிக்கொள்ளும். இயந்திரம் பொருத்தும் பிட்டர்கள் "புஷ்ஷு கடிச்சிருச்சு" என்பார்கள் (புஷ் என்பது தண்டு சுழலும் உருளை உறை). நூல் வழக்கில் 'ஒட்டுத் தேய்வு' என்று எழுதலாம், தவறில்லை. ஆனாலும் 'கடிப்பு' என்ற சொல்லில் அந்தப் பரப்பு கண்ணுக்குத் தெரிகிறது. அதைத் தலைச்சொல்லாகவே வைக்கலாம் என்பது என் எண்ணம். படிவத்தை இந்த வாரக் கடைசியில் அச்சுக்குக் கொடுக்க வேண்டும். அதற்குள் கடிப்பு, அடிகாணல் இரண்டைப் பற்றியும் உங்கள் கருத்தை எழுதுங்கள்.

அன்புடன்