குளிர்காலத்தில் திடீர் வெயில்: பிள்ளைகள் விழாவை வெளியில் நடத்துகிறவர்களின் அனுபவப் பகிர்வு

விழா ஏற்பாடு செய்பவர்

தரை உறைந்துபோகிற குளிர் ஊர்களில், நடுக் குளிர்காலத்தில் நாலைந்து நாள் 18, 20 டிகிரி இருக்கும் என்று வானிலை அறிக்கை சொன்னால் போதும், ஹாலில் வைத்திருந்த பிறந்தநாளைத் தோட்டத்துக்கு மாற்றலாமா என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். தாராளமாக மாற்றலாம். ஆனால் கோடைக்கு எழுதிய பட்டியலை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தால் பாதி தப்பாகிவிடும். சூடாகியிருப்பது காற்று மட்டும்தான். சூரியன் இன்னும் தாழ்வாகத்தான் போகிறது, பகல் குட்டை, தரை ஈரம், ராத்திரி குளிர். இந்த நாலும் துளிகூட மாறவில்லை.

முதலில் நேரம். அறிக்கையில் போடுகிற அதிகபட்ச வெப்பம் பெரும்பாலும் மதியம் இரண்டு, மூன்று மணிவாக்கில் கொஞ்ச நேரம் நிற்பது. வானம் தெளிவாகவும் காற்று உலர்ந்தும் இருந்தால் வெயில் சாய்ந்ததும் சூடு மளமளவென்று இறங்கும். அதனால் சூரியன் மறைவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே பிள்ளைகள் கிளம்பிவிட வேண்டும். 4.45க்கு மறைகிறது என்றால் 3.15க்கு விழா முடிந்திருக்கணும். 12 மணிக்குத் தொடங்கி 2.30க்கு முடிப்பது நல்ல கணக்கு. ஐந்து வயதுக்குக் கீழே என்றால் ஒன்றரை மணி நேரமே அதிகம்.

அன்றைய வெப்பநிலையை மட்டும் பார்க்காதீர்கள். மணிவாரி அறிக்கையில் காற்றின் வேகம், அதிலும் திடீர் வீச்சு எவ்வளவு என்று பாருங்கள். இப்படி வருகிற வெயிலுக்குப் பின்னால் பல நேரம் ஒரு குளிர்க்காற்று முகப்பு, அதாவது நகர்ந்து வருகிற குளிர்காற்றுத் திரளின் முன்விளிம்பு, காத்திருக்கும். அது வந்தால் காற்றின் திசை மாறி, வெப்பம் சட்டென்று விழும். இதில் உச்சக்கட்டம் அமெரிக்காவின் ஸ்பியர்ஃபிஷ் ஊரில் 1943 ஜனவரி 22 அன்று பதிவானது. மலையிறங்கி வந்த சூடான காற்றில் இரண்டே நிமிடத்தில் மைனஸ் 20 டிகிரி, பிளஸ் 7 ஆனது. அன்று காலையிலேயே 12 டிகிரி வரை ஏறி, பிறகு 27 நிமிடத்தில் பழையபடி மைனஸ் 20க்கு இறங்கியது. எல்லா ஊரிலும் அப்படி ஆகாது, உண்மைதான். ஆனாலும் முகப்பு வருகிற நேரத்தை அறிக்கையில் பார்த்துவிட்டு, அதற்கு இரண்டு மணி நேரம் முன்பாகவே முடிவு நேரத்தை வைப்பது நல்லது.

அழைப்பிலேயே எழுதிவிடுங்கள்: கழற்றி மாட்டுகிற மாதிரி இரண்டு மூன்று அடுக்கு உடை, சேறு பட்டாலும் பரவாயில்லாத ஷூ, ஒரு ஜோடி மாற்று சாக்ஸ். இதைச் சொல்லாவிட்டால் பாதிப் பேர் கம்பளிக் கோட்டோடும் மீதிப் பேர் அரைக்கைச் சட்டையோடும் வருவார்கள்.

பூங்காவில் வைப்பதாக இருந்தால் இன்னொன்று. பல பூங்காக்களில் குளிர்காலத்தில் கழிப்பறையைப் பூட்டி, குடிநீர்க் குழாயையும் அடைத்து வைத்திருப்பார்கள். வெயில் வந்துவிட்டது என்று யாரும் திறந்துவிட மாட்டார்கள். நேரில் போய்ப் பார்த்துவிட்டு அழைப்பை அனுப்புங்கள்.

கூடாரம் போடுபவர்

குளிர்கால வெயிலில் எல்லோரும் ஏமாறுகிற இடம் நிழல். 40 டிகிரி அட்சரேகையில், டிசம்பர் கடைசியில், நடுப்பகலிலேயே சூரியன் தொடுவானத்திலிருந்து 26, 27 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். அந்தக் கோணத்தில் ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்தைப் போல இரண்டு மடங்கு நீளும். 3 மீட்டர் சதுரக் கூடாரத்தில் கூரையின் ஓரம் 2 மீட்டர் உயரத்தில் இருந்தால், அதன் நிழல் 4 மீட்டர் தள்ளி விழும். அதாவது தரையில் நிழல் தொடங்குவதே கூடாரத்துக்கு வெளியே ஒரு மீட்டர் தாண்டித்தான். கூடாரத்துக்குள் மேஜை போட்டு உட்கார்ந்தால் முகத்தில் நேராக வெயில் அடிக்கும்.

கூரைக்குச் செலவு செய்வதைவிடப் பக்கத் துணிக்குச் செலவு செய்யுங்கள். சூரியன் இருக்கிற பக்கம், அதாவது வட அரைக்கோளத்தில் தெற்கிலும் மதியத்துக்கு மேல் தென்மேற்கிலும், ஒரு பக்கச் சுவர் கட்டினால் போதும். மற்ற மூன்று பக்கமும் திறந்தே இருக்கட்டும்.

பக்கத் துணி கட்டிய கூடாரம் காற்றுக்குப் பாய்மரம் மாதிரி. துணியின் அடியில் ஒரு சாண் இடைவெளி விட்டால் கொஞ்சம் தணியும். ஒவ்வொரு காலுக்கும் 20 கிலோவுக்குக் குறையாமல் எடை வேண்டும். 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றைக் காலோடு சேர்த்துக் கட்டி, கேனிலிருந்து கூரையின் மூலைக்கும் ஒரு பெல்ட் இழுத்து இறுக்குங்கள். காலுக்கு மட்டும் எடை கட்டினால் கூரைச் சட்டம் மேலே முறுக்கிக்கொண்டு உடையும். கூரைத் துணி படபடவென்று அடிக்கத் தொடங்கினால் பிள்ளைகளை வெளியே எடுத்துவிட்டு மடக்கிவிட வேண்டியதுதான். கையால் பிடித்துக்கொண்டு நிற்பது ஆபத்து.

தரையைப் பற்றி. உறைந்திருந்த மண்ணில் வெயில் பட்டால் மேல் சில சென்டிமீட்டர்தான் இளகும், அடியில் கட்டியாகவே இருக்கும். உருகின தண்ணீருக்குக் கீழே இறங்க வழியில்லை. பார்வைக்குக் காய்ந்த புல் போல இருக்கும், இருபது பிள்ளைகள் அரை மணி நேரம் ஓடினால் களிமண் ஆகிவிடும். குதிகாலை ஊன்றி முழு எடையையும் போட்டுப் பாருங்கள். ஷூவைச் சுற்றித் தண்ணீர் கசிந்தால் அந்த இடம் வேண்டாம். வேறு இடம் இல்லையென்றால் நுழைவு வழி, உணவு மேஜைக்கு முன்னால், விளையாட்டு வரிசை நிற்கிற இடம் ஆகிய மூன்றுக்கும் பிளைவுட் பலகையோ ரப்பர் பாயோ போடுங்கள். சேறாகிற இடங்கள் அவைதான். பிளைவுட் நனைந்தால் வழுக்கும். மேலே பழைய கார்ப்பெட் துண்டை ஆணியடித்து விடுங்கள்.

இதே காரணத்தால்தான் பவுன்சி காஸில், அதாவது பிள்ளைகள் ஏறிக் குதிக்கிற காற்றடைத்த கோட்டை, விஷயத்தில் நான் கறாராக இருப்பேன். ஐரோப்பியத் தரமான ஈஎன் 14960 படி குறைந்தது ஆறு இடத்தில் அதைத் தரையோடு கட்ட வேண்டும். தரையில் அடிக்கிற முளைகள் 38 சென்டிமீட்டர் நீளம், 16 மில்லிமீட்டர் தடிமனுக்குக் குறையக்கூடாது. காற்று மணிக்கு 38 கிலோமீட்டரைத் தாண்டினால் பயன்படுத்தக்கூடாது. அந்த முளைக்கு இறுகிய மண் வேண்டும். இளகின சேற்றில் அது கையோடு வரும். அடியில் உறைந்திருந்தால் பாதிதான் இறங்கும், இறங்கின மட்டும் போதும் என்று ஆள் விட்டுவிடுவார். முளை முழுக்க இறங்காவிட்டால் காற்றே நிரப்பாதீர்கள். எடை கட்டிச் சமாளிப்பதாக இருந்தால் ஒவ்வொரு கட்டுக்கும் 163 கிலோ கணக்கு. நாலு மணல் மூட்டையைக் காட்டி ஏமாற்ற முடியாது.

கேக் செய்பவர்

குளிர்காலம்தானே, வெளியில் வைத்தால் ஃப்ரிட்ஜ் மாதிரி இருக்கும் என்பார்கள். நிழலில் 20 டிகிரி என்றால் வெயில் விழுகிற மேஜையில் அடர்நிற டப்பா அதைவிட எவ்வளவோ சூடாகும். பட்டர் கிரீம் 24, 25 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும். முதல் அறிகுறி வழிவது அல்ல. மேற்பரப்பு எண்ணெய் தடவினது போலப் பளபளக்கும், பையில் பிழிந்து போட்ட கிரீம் பூக்களின் ஓரம் மழுங்கும். அதைப் பார்த்தவுடன் உள்ளே எடுத்துப்போய் ஃப்ரிட்ஜில் வைத்தால் தப்பிக்கும்.

இதைவிட அதிகம் கேக் கெட்டுப்போவது காரில். 21 டிகிரி வெயிலில் நிறுத்தின மூடிய காரின் உள்ளே பத்து நிமிடத்தில் சுமார் 10 டிகிரியும், ஒரு மணி நேரத்தில் 20 டிகிரிக்கு மேலும் ஏறும். கேக்குக்கு மட்டுமா, தூங்கிவிட்ட குழந்தைக்கும் அதே கணக்குதான். குளிர்காலம் என்று நினைத்துக் காரிலேயே விட்டுவிட்டு மேஜை அடுக்கப் போகாதீர்கள்.

வெட்டுவதற்குப் பத்து நிமிடம் முன்புதான் கேக் வெளியே வரணும். ஃபாண்டன்ட் (தகடாக விரித்து மேலே மூடுகிற சர்க்கரைப் பசை) போட்ட கேக் என்றால் ஃப்ரிட்ஜிலிருந்து நேராக ஈரக்காற்றுக்கு எடுத்தால் வியர்த்து, பிசுபிசுவென்று வண்ணம் இறங்கும். பெட்டியை மூடியபடியே அறையில் அரை மணி வைத்தால் வியர்வை அட்டையின் மேல் படியும், கேக்கின் மேல் படியாது.

மற்ற உணவுக்கு ஒரே கணக்கு. பாலோ இறைச்சியோ முட்டையோ சேர்ந்தது எதுவும் குளிர்ச்சி இல்லாமல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் மேஜையில் இருக்கக்கூடாது. குளிராக வைப்பது 5 டிகிரிக்குக் கீழே, சூடாக வைப்பது 60க்கு மேலே. முழுவதையும் பரப்பாமல் பாதியை ஐஸ் பெட்டியில் வைத்து, தட்டு காலியானதும் புதுத் தட்டு வையுங்கள். பழைய தட்டிலேயே மேலே கொட்டுவது கூடாது.

மெழுகுவர்த்திக்கு மூன்று பக்கம் அட்டை மறைப்பு. அது இல்லையென்றால் பாட்டு முடிவதற்குள் நாலு தடவை ஏற்ற வேண்டிவரும்.

பள்ளிச் செவிலியர்

பிள்ளைகளின் உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்று, இரண்டு வாரம் ஆகும். நேற்று வரை 3 டிகிரியில் இருந்த குழந்தைக்கு இன்றைய 22 டிகிரி, கோடையின் 22 டிகிரி அல்ல. முகம் சிவந்து, தலை வலிக்கிறது என்று ஓரமாக உட்காருகிற குழந்தை முதலில் கோட்டைக் கழற்றாமல் ஓடினதாகத்தான் இருக்கும். குளிர்காலத்தில் தாகமும் சீக்கிரம் தெரியாது. 20 நிமிடத்துக்கு ஒரு தடவை விளையாட்டை நிறுத்தித் தண்ணீர் கொடுங்கள். ஒன்பது முதல் பன்னிரண்டு வயதுக்கு ஒரு தடவைக்கு 100 முதல் 250 மில்லி, சின்னவர்களுக்கு நாலைந்து மடக்கு.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஓடி வியர்த்த பருத்தி பனியன், வெயில் சாய்ந்ததும் உடம்புச் சூட்டை உறிஞ்சும். கேக் வெட்ட எல்லோரும் அசையாமல் நிற்கிற அந்தப் பதினைந்து நிமிடத்தில்தான் நடுக்கம் வரும். கேக்குக்கு முன்னால் எல்லோருக்கும் கோட்டை மாட்டிவிடுங்கள். கோட்டுகளைக் குவியலாகப் போட்டால் அந்த நேரத்தில் யாருடையது எது என்று தேடவே பத்து நிமிடம் போகும். இரண்டு மரத்துக்கு நடுவே கயிறு, பெயர் எழுதின கிளிப்.

சன்ஸ்கிரீன் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு: வானிலை அறிக்கையில் வருகிற புற ஊதாக் குறியீடு (யூவி இண்டெக்ஸ்) 3க்குக் கீழே இருந்தால் பொதுவாகத் தேவையில்லை. தரையில் புதுப் பனி கிடந்தால் கதை வேறு. விழுகிற புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். தாடைக்கு அடியிலும் மூக்கின் கீழும் தடவுங்கள்.

பலருக்குத் தெரியாதது உண்ணி. காய்ந்த இலைக் குவியலில் இருக்கிற கருங்கால் உண்ணிகள் காற்று 4 டிகிரி தாண்டினாலே நடமாட ஆரம்பிக்கும். உண்ணி உள்ள பகுதிகளில் இலைக் குவியலில் குதிக்கிற விளையாட்டு வேண்டாம். வீட்டுக்குப் போனதும் காதின் பின்புறம், தலைமுடி ஓரம், அக்குள், முழங்காலின் பின்புறம் பார்க்கச் சொல்லுங்கள். ஒட்டியிருந்தால் நுனி மெல்லிய ட்வீசரால் தோலோடு ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக மேலே இழுக்க வேண்டும். எண்ணெய் ஊற்றுவது, தீக்குச்சி வைப்பது எல்லாம் வேண்டவே வேண்டாம்.

ஹேசல், ஆல்டர் மரங்கள் குளிர்கால வெயிலில் முன்கூட்டியே மகரந்தம் உதிர்க்கும். வீசிங் உள்ள குழந்தையின் இன்ஹேலர் காரில் இருக்கக்கூடாது, கூட இருக்கிற பெரியவர் கையில் இருக்க வேண்டும்.

விளையாட்டு நடத்துபவர்

செவிலியர் சொன்னதோடு தேனீயையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 12, 13 டிகிரி வந்தால் கூட்டைவிட்டு வெளியே வரும், ஆனால் பூ இருக்காது. ஜூஸ்தான் கண்ணில் படும். திறந்த கேன் வேண்டாம், உள்ளே இறங்கின தேனீ தெரியாது. மூடியும் ஸ்ட்ராவும் உள்ள கப்தான் சரி.

தாழ்ந்த சூரியன் ஓட்டப் பந்தயத்தைக் கெடுக்கும். மதியத்துக்கு மேல் மேற்கு நோக்கி ஓடுகிற குழந்தைக்கு முன்னால் இருப்பது தெரியாது, மோதிக்கொள்வார்கள். பந்து எறிகிற, பிடிக்கிற ஆட்டங்களில் யார் முகமும் சூரியனைப் பார்க்காதபடி கோடு போடுங்கள். சூரியன் பக்கவாட்டில் இருந்தால் போதும்.

பலூன். அறையில் நிரப்பிய ஃபாயில் பலூன் 5 டிகிரிக் காலையில் வெளியே வந்தால் கன அளவில் ஆறு சதவீதம் போல் சுருங்கித் தொங்கும். ஓட்டை என்று நினைத்து மேலும் நிரப்புவார்கள். மதிய வெயிலில் அதுவே விரிந்து தையல் பிரியும். மேலும் நிரப்பாமல் அப்படியே வைத்திருங்கள், சூடானதும் தானே நிமிரும். ரப்பர் பலூனை முழு அளவுக்கு ஊதாமல் ஒரு விரல் குறைத்து ஊதுங்கள், வெளிர் நிறமாக எடுங்கள். கறுப்பும் கருநீலமும் வெயிலில் முதலில் வெடிக்கும். வெடித்த துண்டை உடனே பொறுக்க வேண்டும். எட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அது தொண்டை அடைக்கிற பொருள்.

சோப்புக் குமிழி உலர்ந்த காற்றில் நிற்காது. ஒரு லிட்டர் தண்ணீர், 150 மில்லி பாத்திர சோப்புத் திரவம், ஒரு மேஜைக்கரண்டி கிளிசரின், முந்தின ராத்திரியே கலந்து வையுங்கள். மரத் தளத்தில் மட்டும் விடாதீர்கள், பாசி படிந்த பலகையில் சோப்பும் சேர்ந்தால் ஐஸ் மாதிரி வழுக்கும்.

வீட்டுப் பராமரிப்புப் பணியாளர்

கூரை ஓரத்தின் கீழே மேஜை போடாதீர்கள். மேலே பனி இருந்தால் வெயிலில் மொத்தமாகச் சரியும், தொங்கும் ஐஸ் கூர்களும் விழும். குளம் உறைந்திருந்தால் வேலி கட்டுங்கள். பார்வைக்குக் கெட்டியாக இருக்கிற ஐஸ் வெயிலில் உள்ளுக்குள் தேன்கூடு போலப் பொத்தலாகியிருக்கும், கனத்தை அளந்து நம்ப முடியாது.

ஈரத் தரையில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வைப்பதானால் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கிற கருவி) உள்ள இணைப்பில் மட்டும். பாக்ஸை மேஜைக் காலில் கட்டி உயர்த்துங்கள். சாயங்காலம் குளிர்கிறது என்று கேஸ் ஹீட்டரைப் பக்கத் துணி கட்டிய கூடாரத்துக்குள் இழுக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடு வாசனை இல்லாதது, துணியும் பக்கத்திலேயே இருக்கும்.

கை கழுவத் தண்ணீருக்காகத் தோட்டக் குழாயைத் திறப்பவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். குளிர்காலத்துக்கு வால்வை அடைத்து, குழாயில் இருந்த தண்ணீரை வடித்து வைத்திருப்பார்கள். விழாவுக்குத் திறந்து, ஹோஸ் மாட்டி, அப்படியே விட்டுவிடுவார்கள். ஹோஸ் மாட்டியிருக்கிற வரை குழாயில் நிற்கிற தண்ணீர் வடியாது. அடுத்த ராத்திரி மைனஸுக்குப் போனால் அது உறைந்து சுவருக்குள் குழாயைப் பிளக்கும். அப்போது தெரியாது, பனி விட்டுக் குழாயைத் திறக்கிற அன்றைக்குச் சுவர் நனையும். அடியில் திருகு குழாய் உள்ள 20 லிட்டர் கேன் ஒன்று பதினைந்து பிள்ளைகளுக்குக் கை கழுவப் போதும். குழாயைத்தான் திறந்தீர்கள் என்றால், கடைசிக் குழந்தை போன கையோடு ஹோஸைக் கழற்றி, உள் வால்வை அடைத்து, வெளிக் குழாயைச் சொட்டு நிற்கும் வரை திறந்தே வையுங்கள்.