ஒரே பிறந்த நேரம், இரண்டு நட்சத்திரம்: எந்த ஜாதகத்தை வைத்துப் பொருத்தம் பார்ப்பது?

வெண்ணாறு:
மன்னார்குடிப் பக்கம் ஒரு வரன் பேச்சு பாதியில் நிற்கிறது. பெண்ணின் கையெழுத்து ஜாதகத்தில் ரோகிணி 4ஆம் பாதம் (பாதம் என்பது நட்சத்திரத்தில் கால் பங்கு), கம்ப்யூட்டர் ஜாதகத்தில் மிருகசீரிஷம் 1ஆம் பாதம். பிறந்த தேதி, நேரம், ஊர் எல்லாம் இரண்டிலும் ஒன்றுதான். பையன் சித்திரை நட்சத்திரம். முதல் ஜாதகப்படி செய்யலாம் என்கிறார் ஒரு ஜோசியர். இரண்டாவதைப் பார்த்தவர் ரஜ்ஜுப் பொருத்தம் தட்டுகிறது, தொடவே வேண்டாம் என்கிறார். யார் கணக்கு தப்பு?

கூடவே இன்னொன்றும் கேட்க வேண்டும். இப்படி ஆளுக்கொன்று சொன்னாலும், நன்றாகப் படித்து நல்ல வேலையில் இருப்பவர்கள்கூடப் பெரிய முடிவு என்றால் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறார்களே, ஏன்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அரசலாறு:
இரண்டு பேர் கணக்கும் தப்பில்லை தம்பி. பஞ்சாங்கம்தான் வேறு. கையெழுத்து ஜாதகம் வாக்கியப் பஞ்சாங்கத்தில் கணித்ததாக இருக்கும். கம்ப்யூட்டரில் வருவது பெரும்பாலும் திருக்கணிதம், அதாவது இன்றைய வானியல் கணக்கில் போட்டது.

வாக்கியம் என்பது சந்திரனின் நிலையை 248 நாள் சுற்றாக வாக்கியங்களில் கட்டிவைத்த பழைய முறை. சந்திரன் ஒரு சமயம் வேகமாகவும் ஒரு சமயம் மெதுவாகவும் போவதற்கு அதில் முதன்மையான ஒரு திருத்தம் மட்டுமே உண்டு. சூரியனின் இழுப்பால் வரும் மற்ற ஏற்ற இறக்கங்கள் அதில் சேரவில்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இந்த விடுபாடு பெரிதாகத் தெரியாது. அஷ்டமியை ஒட்டிப் பிறந்தவர்களுக்குத்தான் இரண்டு பாகைக்கு (டிகிரி) மேல்கூட விலகும். சந்திரன் ஒரு நாளைக்குச் சராசரி 13 பாகை நகர்கிறது. அப்படியானால் இரண்டு பாகை என்பது மூன்றரை மணி நேரத்துக்கும் மேல். ஒரு பாதம் 3 பாகை 20 கலை (60 கலை ஒரு பாகை), அதைக் கடக்கச் சுமார் 6 மணி நேரம். நட்சத்திரத்தின் ஓரத்தில் பிறந்த குழந்தைக்கு நட்சத்திரமே மாறிவிடுவது இதனால்தான். அந்தப் பெண் பிறந்த திதியைப் பாருங்கள். சப்தமி, அஷ்டமி, நவமி என்றால் சந்தேகமே வேண்டாம்.

கோசாரத்திலும் (கிரகங்களின் அன்றாட நகர்வு) இதே கதைதான். திருக்கணிதப்படி சனி கும்பத்துக்குப் போனது 17-1-2023. திருநள்ளாறு கோயிலில் வாக்கியப்படி அதே பெயர்ச்சியைக் கொண்டாடியது 20-12-2023. பதினோரு மாத இடைவெளி! சனி மெதுவாக நகரும் கிரகம், சில பாகை வித்தியாசமே மாதக்கணக்காக நீண்டுவிடுகிறது.

இனி உங்கள் வரன். நட்சத்திரங்களை உடல் உறுப்புப் பெயரில் ஐந்து கூட்டமாகப் பிரிப்பது ரஜ்ஜு; இருவரும் ஒரே கூட்டத்தில் வரக் கூடாது. மிருகசீரிஷம், சித்திரை, அவிட்டம் மூன்றும் சிரசு ரஜ்ஜு. ஒன்றுக்கொன்று வேதையும் (சேரக் கூடாத நட்சத்திரம்) கூட. ஆகவே பெண் மிருகசீரிஷம் என்றால் ரஜ்ஜு, வேதை இரண்டும் சேர்ந்து விழும். ரோகிணி கண்ட ரஜ்ஜு, அதற்கு வேதை சுவாதி. சித்திரையோடு இந்த இரண்டிலும் தட்டல் இல்லை. ஒரு பாதக் கோட்டுக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்பதில் பத்தில் இரண்டு பொருத்தம், அதுவும் ஜோசியர்கள் முதலில் பார்க்கிற இரண்டு, தலைகீழாகிறது.

எதை எடுப்பது என்றால், இரண்டு ஜாதகத்தையும் ஒரே பஞ்சாங்கத்தில் கணித்துக்கொண்டு அப்புறம் பாருங்கள். நடைமுறையில் நடக்கும் பெரிய பிழை, பெண்ணுக்கு வாக்கியமும் பையனுக்குத் திருக்கணிதமும் வைத்துப் பொருத்தம் போடுவது. திருக்கணிதத்திலும் அயனாம்சம் (ராசிச் சக்கரத்தின் தொடக்கப் புள்ளிக்கான திருத்தம்) என்ன என்று பார்க்க வேண்டும். லாஹிரி, ராமன் என்ற இரண்டு அயனாம்சங்களுக்கும் ஏறக்குறைய ஒன்றரை பாகை வித்தியாசம் உண்டு. மத்திய அரசின் ராஷ்ட்ரிய பஞ்சாங்கம் 1957 முதல் லாஹிரியைத்தான் பின்பற்றுகிறது. இதுபோன்ற ஓரத்துப் பிறப்புக்கு லாஹிரி வைத்த திருக்கணிதத்தை எடுக்கலாம் என்பது என் கருத்து. அன்று வானத்தில் சந்திரன் நின்ற இடத்தோடு ஒத்துப்போவது அதுதான். கோயில் காரியத்துக்கு அந்தக் கோயில் எதைப் பின்பற்றுகிறதோ அதையே பின்பற்றுங்கள். அதில் வாதம் வேண்டாம்.

குடமுருட்டி:
அரசலாறு அண்ணன் கணக்கைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். இரண்டாவது கேள்விக்கு நான் வருகிறேன்.

வரப்போவதைத் தெரிந்துகொள்ளத்தான் போகிறார்கள் என்று வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் நினைக்கிறார்கள். பாதி அதுதான். மீதி, வீட்டில் நாலு பேர் நாலு திசையில் இழுக்கும்போது எல்லோரும் ஒப்புக்கொள்கிற ஒரு வார்த்தை வேண்டியிருக்கிறது. அப்பாவுக்கு ஒரு வரன், அம்மாவுக்கு வேறொன்று, தாய்மாமனுக்கு மூன்றாவது. யார் சொன்னாலும் இன்னொருவர் மனம் கோணும். ஜோசியர் சொன்னால் யாரும் தோற்றதாக இல்லை.

வேண்டாம் என்று சொல்வதற்கும் இதைவிட மரியாதையான வழி நம் பக்கத்தில் கிடையாது. பையனின் சம்பளம் போதவில்லை, வீட்டைப் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னால் பரம்பரைப் பகையாகிவிடும். ‘ஜாதகம் பொருந்தலைங்க’ என்றால் இரு குடும்பமும் நாளைக்கு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடலாம்.

இன்னொன்று, காலக்கெடு. பிறந்த நட்சத்திரத்தை வைத்து வாழ்நாளைக் கிரகங்களுக்குப் பிரிக்கும் விம்சோத்தரி தசைக்கு மொத்தம் 120 வருடம். ராகுவுக்கு 18, சனிக்கு 19 என்று ஒவ்வொன்றுக்கும் அளவு உண்டு, உள்ளே புக்தி என்ற சிறு பகுதிகளாகப் பிரித்து மாதக்கணக்கும் சொல்லலாம். வேலை போனவனுக்கும் கடனில் நிற்பவனுக்கும் ‘பங்குனிக்கு மேலே விடியும்’ என்ற ஒரு தேதி கிடைக்கிறது. முடிவு தெரியாத கஷ்டத்தைவிட முடிவு தெரிந்த கஷ்டத்தை மனிதன் தாங்குவான். ஆனால் அந்தத் தேதியை நம்பி வட்டிக்கு மேல் வட்டி வாங்குவது பெரிய ஆபத்து. சுக்கிர தசை 20 வருடம், சந்திரன் ஒரு பாகை தள்ளினால் தசை தொடக்கம் ஒன்றரை வருடம் தள்ளும். பிறக்கும்போதே சுக்கிர தசை நடக்கும் பரணி, பூரம், பூராடத்தில் பிறந்தவர்களுக்கு வாக்கியத்துக்கும் திருக்கணிதத்துக்கும் இடையே தசை மூன்று வருடம் மாறலாம். அந்தத் தேதியில் எப்படிக் கடன் வாங்குவது?

கடைசியாக, கையைக் கட்டிக்கொண்டு உட்காராமல் செய்வதற்கு ஏதோ ஒன்று கிடைக்கிறது. சூரியனார்கோவில், திங்களூர், வைத்தீஸ்வரன்கோவில், திருவெண்காடு, ஆலங்குடி, கஞ்சனூர், திருநள்ளாறு, திருநாகேஸ்வரம், கீழப்பெரும்பள்ளம் ஒன்பதும் நம் காவிரிப் படுகையிலேயே இருக்கின்றன. விளக்குப் போட்டுவிட்டு வந்தால் மனசு இறங்குகிறது. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆயிரக்கணக்கில் பணம் கேட்டு ‘பரிகாரம் செய்யாவிட்டால் உயிருக்கு ஆபத்து’ என்று ஒருவர் சொன்னால் மட்டும் எழுந்து வந்துவிடுங்கள்.

முள்ளியாறு:
நம்பிக்கையைப் புண்படுத்தச் சொல்லவில்லை, கணக்கை மட்டும் வைக்கிறேன்.

ஏழரைச் சனி எந்த நாளிலும் மூன்று ராசிக்கு நடக்கும். அஷ்டமம், அர்த்தாஷ்டமம், கண்டகம் (பிறந்த ராசிக்கு 8, 4, 7இல் சனி) என்று இன்னும் மூன்று. ஆக 12இல் 6 ராசி. ஊரில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு எப்போதும் சனி பிடித்திருக்கும். கஷ்டத்தோடு போகிற எவருக்கும் காரணம் சொல்ல இது போதும். செவ்வாய் தோஷமும் அப்படித்தான். லக்னத்திலிருந்து (பிறந்த நேரத்தில் கிழக்கே உதிக்கும் ராசி) செவ்வாய் 2, 4, 7, 8, 12 என்றாலே பன்னிரண்டில் ஐந்து இடம். சந்திரனிலிருந்தும் சுக்கிரனிலிருந்தும் சேர்த்துப் பார்த்தால் பத்தில் எட்டுப் பேருக்கு ஏதாவது ஒரு வகையில் தோஷம் வந்துவிடும். இதை வைத்து எத்தனை பெண்களின் கல்யாணத்தைத் தள்ளிப்போடுகிறோம் என்று நினைத்தால் வேதனையாக இருக்கிறது.

வானியலாளர் ஜெயந்த் நார்லிகர் குழு மகாராஷ்டிரத்தில் ஒரு சோதனை நடத்தி 2009இல் வெளியிட்டது. நன்றாகப் படிக்கும் பிள்ளைகள், மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகள் ஜாதகங்களைக் கலந்து, ஆளுக்கு 40 வீதம் 27 ஜோசியர்களிடம் கொடுத்துப் பிரிக்கச் சொன்னார்கள். சரியாக வந்தது 46 சதவீதம். காசு சுண்டினாலே 50 வரும்.

குடமுருட்டி சொன்ன காரணங்கள் எல்லாம் உண்மை. அதனால்தான் ஜோசியரிடம் எந்தக் கேள்வியைக் கொண்டுபோகிறோம் என்பதில் கறாராக இருக்க வேண்டும். முகூர்த்த நாள் கேளுங்கள், பெயர் எழுத்து கேளுங்கள். ஆபரேஷன் செய்யலாமா, மருந்தை நிறுத்தலாமா என்று கேட்காதீர்கள்.

வெண்ணாறு:
மூன்று பேருக்கும் நன்றி. திதியைப் பார்த்தேன், வளர்பிறை சப்தமி. அரசலாறு அண்ணா, பிறந்த நேரத்தையே சரிபார்க்க வழி உண்டா? பிறப்புச் சான்றிதழில் தேதிதான் இருக்கிறது.

அரசலாறு:
சான்றிதழை விடுங்கள். பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் சீட்டில் மணி, நிமிடம் இருக்கும். அது இல்லாவிட்டால் ஜாதகத்தின் முதல் பக்கத்தில் ‘உதயாதி நாழிகை’ என்று எழுதியிருப்பதை எடுங்கள். ஒரு நாழிகை 24 நிமிடம், ஒரு விநாழிகை 24 விநாடி. அதை அன்றைய சூரிய உதயத்தோடு கூட்டினால் மணி வரும். உதயத்தை மன்னார்குடிக்கே பாருங்கள், பொதுவாக 6 மணி என்று போட்டுவிடாதீர்கள். நம் பக்கத்தில் சூரியன் இந்திய நேரக் கோட்டுக்குச் சுமார் 12 நிமிடம் பிந்தித்தான் வரும்; மாதத்துக்கு மாதம் உதயமும் மாறும்.

ஐந்து பத்து நிமிடப் பிசகு நட்சத்திரத்தைப் பெரும்பாலும் தொடாது, லக்னத்தையும் நவாம்சத்தையும்தான் (ராசியில் ஒன்பதில் ஒரு பங்கு) தொடும். லக்னம் சராசரி 4 நிமிடத்துக்கு ஒரு பாகை, நவாம்ச லக்னம் 13 நிமிடத்துக்கு ஒன்று மாறும். ஆகவே உங்கள் சிக்கல் நேரத்தில் இல்லை, பஞ்சாங்கத்தில்தான். பையன் ஜாதகத்தையும் வாங்கி இரண்டையும் ஒரே கணிதத்தில் போட்டு, பாகை கலையோடு இங்கே பதியுங்கள். பெயரும் பிறந்த தேதியும் வேண்டாம்.